புகுந்த வீட்டுப் பெண்ணும் ஒரு பாயும்

நேயர்களுக்கு வணக்கம். பாய் என்றதும் உங்களுக்குக் கோரைப்பாய்தான் நினைவுக்கு வரும். இன்றைக்கு அதை ஓரமாகச் சுருட்டி வையுங்கள். பசிபிக் கடலில் இருக்கும் சமோவாத் தீவுகளில் பெண்கள் முடைகிற ‘இயே தோங்கா’ என்ற பாயில் யாரும் படுப்பதில்லை. கல்யாணம், சாவு, தலைவருக்குப் பட்டம் கட்டுவது, எதுவானாலும் அங்கே அதுதான் சீர். 2019-இல் யுனெஸ்கோவின் மரபுப் பட்டியலிலும் இடம்பெற்றுவிட்டது.

தாழை இனத்து இலையை முள் சீவி, கொதிக்க வைத்து, மேல்தோலையும் கீழ்த்தோலையும் தனித்தனியாக உரிக்கிறார்கள். கடல்நீரில் ஊறப்போட்டு வெயிலில் வெளுக்கிறார்கள். அப்புறம் நாராகக் கிழிப்பது. மிக உயர்ந்த பாயில் நாரின் அகலம் ஒரு மில்லிமீட்டர்தான். தரையில் உட்கார்ந்து, குனிந்த தலை நிமிராமல் முடைய வேண்டும். மாதக்கணக்கில் ஆகும், சிலவற்றுக்கு வருஷமும் ஆகும். முடிந்த பாய் பட்டுத்துணி போலத் துவளும்.

இவ்வளவு நாள் ஒருத்தி தனியாக உட்கார முடியுமா? ஊர்ப் பெண்கள் சேர்ந்துதான் உட்காருகிறார்கள். நான் வருஷக்கணக்காகச் சொல்லி வருவது இதைத்தான். தினமும் பக்கத்தில் உட்காருகிறவளிடம், புருஷன் அடித்துக் கையில் இருக்கும் காயத்தை மறைக்க முடியாது. நேற்று வந்தவள் இன்று ஏன் வரவில்லை என்று கேட்க அங்கே நாலு பேர் இருப்பார்கள்.

இந்தக் கேள்வி யாருக்கு அதிகம் தேவை? சமோவாவில் சகோதரி என்றால் அண்ணன் தம்பிகளுக்குக் கண்ணின் மணி. அவர்கள் பழமொழியே அப்படித்தான் சொல்கிறது. பிறந்த ஊரில் அவளுக்கு அவ்வளவு மதிப்பு. ஆனால் கல்யாணமாகிக் கணவன் ஊருக்குப் போனால் அவள் ‘நொஃபோதானே’, அதாவது புருஷன் வீட்டில் வந்து தங்கியிருப்பவள். அங்கே வேலை எல்லாம் அவள் தலையில். பேச்சு மட்டும் எடுபடாது. புகுந்த வீடு என்றால் என்னவென்று நான் உங்களுக்குச் சொல்ல வேண்டியதில்லை. 2000-இல் அங்கே நடந்த ஆய்வில், துணைவனோடு வாழ்ந்த பெண்களில் ஏறக்குறைய பாதிப் பேர் அவனுடைய கொடுமையை அனுபவித்ததாகச் சொன்னார்கள். ஏறக்குறைய பாதிப் பேர்!

சரி, பாய்க்கு வருகிறேன். ‘இஃபோங்கா’ என்று ஒரு வழக்கம் உண்டு. கொலை, பலாத்காரம் போன்ற பெருங்குற்றம் நடந்தால், குற்றவாளியின் குடும்பத்துத் தலைவர் விடியுமுன்னே பாதிக்கப்பட்டவர் வீட்டு வாசலில் போய் உட்கார்ந்து, இந்தப் பாயால் தன்னைப் போர்த்திக்கொள்வார். வெயில் ஏறும், அவர் அசையமாட்டார். வீட்டார் வந்து பாயை விலக்கினால் மன்னிப்பு. 2021 ஆகஸ்டில் நியூசிலாந்துப் பிரதமர் ஜெசிந்தா ஆர்டர்ன் ஆக்லாந்தில் இப்படிப் பாயின் கீழே உட்கார்ந்தார். 1970-களில் நியூசிலாந்துக் காவல்துறை விடியற்காலையில், அங்கே குடியேறியிருந்த பசிபிக் தீவு மக்களின் வீடு புகுந்து ஆட்களைப் பிடித்ததற்காகக் கேட்ட மன்னிப்பு அது. பிரதமரின் தலைமேல் பாய் விழுந்தபோது எனக்கு உடம்பு சிலிர்த்தது.

ஆனாலும் என் மனம் ஆறவில்லை. பலாத்காரத்துக்கு ஆளான பெண்ணின் வாசலில் இதே பாய் விரிந்தால்? போர்வை பெண்கள் முடைந்தது, மன்னிப்பதோ குடும்பத்துப் பெரியவர்கள். நீதிமன்றத்திலும் தண்டனையைக் குறைக்க அது ஒரு காரணமாகிறது. அவளைக் கேட்டார்களா? முடைந்த கைகளுக்கு அங்கே ஒரு சொல் வேண்டாமா? நான் வழக்கத்தை விடச் சொல்லவில்லை, அவளைக் கேட்டுவிட்டுப் பாயை விலக்குங்கள் என்கிறேன்.

கையில் காசும் வேண்டும். 1991-இல் தொடங்கிய ஒரு பெண்கள் தொழில் அமைப்பு, தரம் குறைந்துபோயிருந்த இந்தப் பாயை மீட்டெடுத்தது. பாய் முடியும்வரை காத்திருக்காமல், முடைய முடையப் பணம் கிடைக்க ஏற்பாடு செய்தது. சொந்தக் காசு உள்ளவளுக்கு வாசற்படி தாண்டுவது கொஞ்சம் சுலபம்.

நேரமாகிவிட்டது என்று கண்ணாடிக்கு அப்பாலிருந்து கை காட்டுகிறார்கள். 2005-இல் தொடங்கிய பாதிக்கப்பட்டோர் ஆதரவுக் குழு, அவர்களுடைய அடைக்கல இல்லம், நொஃபோதானே பெண்களுக்கு அவர்கள் கொடுத்த தொழிற்பயிற்சி, 2013-இன் குடும்பப் பாதுகாப்புச் சட்டம், இவையெல்லாம் குறிப்பில் அப்படியே இருக்கின்றன. நிலையத்தார் கூப்பிட்டால் சட்டத்திலிருந்தே தொடங்குகிறேன். வணக்கம்.