நோர்ட்லிங்கன்: விண்கல் பள்ளத்துக்குள் ஒரு பகல்

நேயர்களுக்கு வணக்கம். ஜெர்மனிக்குப் போகிறவர்கள், இடைக்கால ஊர் ஒன்றைப் பார்த்துவிட்டு வர வேண்டும் என்று சொன்னால், விவரம் தெரிந்தவர்கள் பெரும்பாலும் ரோத்தன்பர்க்கைத்தான் கைகாட்டுவார்கள். நல்ல ஊர்தான், மறுக்கவில்லை. ஆனால் சீசன் நேரத்தில் உச்சிப்பொழுதில் போனால், ஊரைவிட முன்னால் நடப்பவரின் முதுகைத்தான் அதிகம் பார்க்க வேண்டியிருக்கும். அதே பவேரியா மாநிலத்தில், அங்கிருந்து தெற்கே நோர்ட்லிங்கன் என்று ஓர் ஊர் இருக்கிறது. சுமார் 20,000 பேர் வாழும் ஊர். என்னைக் கேட்டால், ஒரு பகல்தான் கையில் இருக்கிறது என்பவர்கள் இங்கே போகலாம்.

மியூனிக்கிலிருந்து ரயிலேறி, டோனாவெர்த் என்ற ஊரில் இறங்கி வண்டி மாற வேண்டும். எல்லாம் சேர்த்து இரண்டு மணி நேரம், சற்று முன்பின் ஆகலாம். பவேரியா முழுவதும் செல்லும் ஒருநாள் டிக்கெட் ஒன்று உண்டு. ஐந்து பேர் வரை ஒரே டிக்கெட்டில் போய் வரலாம். வார நாட்களில் காலை ஒன்பது மணிக்கு மேல்தான் செல்லும், அதிவேக ரயிலில் ஏறக் கூடாது, அவ்வளவுதான். குடும்பத்தோடு போகிறவர்களுக்கு இதைவிடக் கட்டுப்படியாகும் வழி கிடையாது.

ஊருக்குள் நுழைந்ததும் நேராகக் கடைவீதிக்குப் போய்விடாதீர்கள். முதலில் மதில்மேல் ஏறுங்கள். ஐந்து வாசல்களோடு ஊரை முழுவட்டமாகச் சுற்றி நிற்கிறது, சுமார் 2.7 கிலோமீட்டர் நீளம். மேலே நடைபாதை, அதற்கு ஓட்டுக் கூரை. மழை பெய்தாலும் நனையாமல் சுற்றி வரலாம், காசும் கேட்க மாட்டார்கள். இப்படி முழுச் சுற்றும் நடக்கக்கூடிய மதில் ஜெர்மனியில் தங்கள் ஊரில் மட்டும்தான் என்பது உள்ளூர்க்காரர்களின் பெருமை.

இந்த நடையில் எனக்குப் பிடித்தது ஒரு பக்கம் வெளியே தெரியும் அகழியோ கோபுரங்களோ அல்ல, உள்பக்கம் தெரியும் கொல்லைகள். மதிலின் முதுகில் ஒட்டிக்கொண்டு குட்டிக் குட்டி வீடுகள். ஒரு கொல்லையில் தக்காளிச் செடிக்குக் குச்சி நட்டுக் கட்டியிருக்கிறது, அடுத்ததில் கொடியில் போர்வை காய்கிறது, அதற்கடுத்து குழந்தையின் மூன்று சக்கர சைக்கிள் கவிழ்ந்து கிடக்கிறது. 1327இல் கட்டத் தொடங்கிய மதிலின் நிழலில் ஒருவர் செய்தித்தாள் படித்துக்கொண்டிருக்கிறார். மேலே நாம் நடப்பதை அவர் நிமிர்ந்துகூடப் பார்ப்பதில்லை, பழகிப்போயிருக்கும்.

சரி, இதெல்லாம் எப்படித் தப்பியது? ஜெர்மானியர்கள் பழமையைப் போற்றிப் பாதுகாப்பவர்கள் என்று ஒரே வரியில் சொல்லிவிடுவது வழக்கம். இங்கே முக்கியமான காரணம் பணமில்லாமை. நோர்ட்லிங்கன் ஒரு காலத்தில் செழித்த வணிக நகரம். 1219ஆம் ஆண்டு ஆவணத்திலேயே இதன் சந்தை குறிப்பிடப்படுகிறது. தென் ஜெர்மனியின் பெரிய சந்தைகளில் ஒன்று. எந்த மன்னருக்கும் குறுநில மன்னருக்கும் கட்டுப்படாமல் புனித ரோமானியப் பேரரசருக்கு மட்டுமே கட்டுப்பட்ட சுதந்திர நகரம். அப்புறம், 1618 முதல் 1648 வரை ஐரோப்பாவை உலுக்கிய முப்பதாண்டுப் போர் வந்தது. ஸ்வீடன் படையின் வசமிருந்த ஊரை 1634இல் பேரரசின் படை முற்றுகையிட்டது, உள்ளே பஞ்சம். செப்டம்பரில் ஊருக்கு வெளியே நடந்த பெரும் சண்டையில் ஸ்வீடன் தரப்புப் படை தோற்றது, நகரம் பேரரசின் படையிடம் விழுந்தது. அதோடு வியாபாரம் நொடித்துப்போனது. மற்ற ஊர்களில் பணக்காரர்கள் பழைய வீடுகளை இடித்துவிட்டுப் புதிய பாணியில் மாளிகை எழுப்பிய காலத்தில், இங்கே இடிப்பதற்கே கையில் காசில்லை. பிற்பாடு பவேரிய அரசர் முதலாம் லூட்விக் 1826இல் பழைய நகர மதில்களை இடிக்கக் கூடாது என்று ஆணையிட்டார். அரசரின் ஆணை வரும்வரை ஊரைக் காப்பாற்றி வைத்திருந்தது வறுமைதான்.

ரோத்தன்பர்க்கின் கதை வேறு. 1945 மார்ச் 31 அன்று குண்டு வீசியதில் அதன் கிழக்குப் பகுதி எரிந்துபோனது. நாம் பார்க்கும் மதிலில் ஒரு பகுதி பிற்பாடு உலகெங்கும் இருந்து வந்த நன்கொடையில் எழுப்பியது. கொடுத்தவர்களின் பெயர்ப் பலகைகள் மதிலிலேயே பதித்திருக்கின்றன. அதில் குறையொன்றும் இல்லை. ஆனால் இரண்டையும் பார்த்தவர்களுக்கு வித்தியாசம் தெரியும்.

மதிலிலிருந்து இறங்கினால் ஏகர் ஆற்றோரம் தோல் பதனிடுவோர் குடியிருந்த தெரு. உயரமான மரச்சட்ட வீடுகள். மேல்தளங்கள் காற்றோட்டத்துக்காகத் திறந்தே இருக்கும், தோலை அங்கேதான் காயவைத்தார்கள். ஆம்பூர், வாணியம்பாடிப் பக்கத்து நேயர்களுக்கு, தோல் ஷாப் ஏன் ஆற்றங்கரையிலும் ஊர் ஓரத்திலும் இருக்கிறது என்று நான் சொல்ல வேண்டியதில்லை. இப்போது அங்கே நாற்றம் ஏதும் இல்லை, ஜன்னல்தோறும் பூந்தொட்டிகள்.

அழகான ஊர் என்பதால் இங்கே நல்லதே நடந்தது என்று நினைத்துவிட வேண்டாம். 1589 தொடங்கி ஒன்பது, பத்து ஆண்டுகள் இந்த ஊரில் சூனியக்காரிகள் என்று சொல்லிப் பெண்களைப் பிடித்துக் கொன்றார்கள். முப்பதுக்கும் மேற்பட்டோர் மாண்டார்கள். வசதியான வீட்டுப் பெண்களும் தப்பவில்லை. ஒருவரை வதைத்தால் வலி தாங்காமல் இன்னும் நான்கு பெயர்களைச் சொல்வார், அந்த நால்வரையும் பிடிப்பார்கள். அப்படித்தான் அது வளர்ந்தது. 1593இல் மரியா ஹோல் என்ற சத்திரக்காரப் பெண்மணியைப் பிடித்தார்கள். ஐம்பது முறைக்கு மேல் சித்திரவதை. கடைசிவரை ஒப்புக்கொள்ளவில்லை, யாரையும் காட்டிக்கொடுக்கவும் இல்லை. உல்ம் நகரத்தார் தலையிட்ட பிறகு, 1594இல் வேறு வழியில்லாமல் விடுவித்தார்கள். அதற்குப் பிறகு இந்த வழக்குகளின் வேகமே அடங்கிப்போனது. வைன்மார்க்ட் சதுக்கத்தில் அவர் நினைவாக ஒரு நீரூற்று இருக்கிறது. பெரும்பாலான சுற்றுலாக்காரர்கள் அதன் பக்கத்தில் நின்று ஐஸ்கிரீம் சாப்பிட்டுவிட்டுப் போகிறார்கள். நீங்களாவது ஒரு நிமிடம் நின்று பாருங்கள்.

இனி கல்லுக்கு வருகிறேன், ஊரின் நடுவில் உள்ள புனித ஜார்ஜ் தேவாலயத்தின் கல். அருகே போய்ப் பாருங்கள். சாம்பல் நிறம், அங்கங்கே கருப்புக் கண்ணாடிச் சில்லுகள் புதைந்தது போல இருக்கும், விரலால் தடவினால் சொரசொரக்கும். இதற்கு ஸ்வேவைட் என்று பெயர். சுமார் ஒன்றரைக் கோடி ஆண்டுகளுக்கு முன் ஒரு கிலோமீட்டருக்கும் பெரிய விண்கல் இங்கே வந்து மோதியது. அந்த வெப்பத்தில் பாறை உருகியும் நொறுங்கியும் கலந்து உருவானதுதான் இந்தக் கல். மோதலில் ஏற்பட்ட ரீஸ் என்ற பள்ளம் ஏறத்தாழ 25 கிலோமீட்டர் அகலம். ஊர் அதற்குள்தான் இருக்கிறது. மதில் வட்டமாக இருப்பதற்குக் காரணம் விண்கல் என்று இணையத்தில் நிறையப் பேர் எழுதுகிறார்கள், நம்பாதீர்கள். பள்ளத்தோடு ஒப்பிட்டால் மதில் வட்டம் ஒரு மூலையில் அடங்கிவிடும்.

நெடுங்காலம் இந்தப் பள்ளத்தை எரிமலை வாய் என்றுதான் எண்ணியிருந்தார்கள். 1960இல் அமெரிக்கப் புவியியலாளர் யூஜின் ஷூமேக்கர் வந்தார். அவர் எடுத்துச் சென்ற மாதிரிகளில் கோயசைட் என்ற கனிமம் கிடைத்தது. குவார்ட்ஸ் மிகப் பெரும் அழுத்தத்தில் மட்டுமே அப்படி மாறும். அத்தகைய அழுத்தத்தை எரிமலையால் தர முடியாது. பத்து ஆண்டு கழித்து, 1970இல், நிலவுக்குப் போகவிருந்த அப்பல்லோ 14 வீரர்கள் ஆலன் ஷெப்பர்டும் எட்கர் மிட்செலும் இங்கே வந்து பாறைகளை அடையாளம் காணப் பழகினார்கள். இந்த விவரமெல்லாம் ஊருக்குள்ளேயே உள்ள ரீஸ் பள்ள அருங்காட்சியகத்தில் இருக்கிறது. அப்பல்லோ 16 கொண்டுவந்த நிலவுக் கல் ஒன்றும் அங்கே உண்டு. ஜெர்மனியில் பல அருங்காட்சியகங்களுக்குத் திங்கட்கிழமை விடுமுறை, அதைப் பார்த்துக்கொண்டு கிளம்புங்கள். இந்தக் கல்லுக்குள் வைரமும் இருக்கிறது, உண்மைதான். ஆனால் நுண்ணோக்கி வைத்துத்தான் பார்க்க வேண்டும், சுரண்டி எடுத்துப் பிரயோஜனமில்லை.

மதியத்துக்கு, மாமிசம் சாப்பிடாதவர்கள் கேஸ் ஷ்பெட்ஸ்லே கேளுங்கள். கையால் தேய்த்த மாவுத் துண்டுகள், மேலே உருகிய பாலாடைக்கட்டியும் வதக்கிய வெங்காயமும். மாவில் முட்டை இருக்கும், வேண்டாதவர்கள் உருளைக்கிழங்குதான். ஒரு தட்டு சாப்பிட்டபின் படியேறுவது கஷ்டம். அதனால் தேவாலயக் கோபுரத்தைச் சாப்பாட்டுக்கு முன் முடித்துவிடுங்கள்.

கோபுரத்துக்கு டானியேல் என்று செல்லப்பெயர். 90 மீட்டர் உயரம், 350 படிகள். மேலே போனால் சிவப்பு ஓடுகள் வட்டமாகத் தெரியும், அதற்கு அப்பால் வயல்கள், அடிவானத்தில் நாலாபுறமும் காடு மூடிய தாழ்ந்த குன்றுகள். அந்தக் குன்றுகள்தான் பள்ளத்தின் விளிம்பு. இந்தக் கோபுரத்தில் இன்றும் காவல்காரர் இருக்கிறார். இரவு பத்து முதல் நள்ளிரவு வரை அரை மணிக்கொரு முறை, "ஸோ க்ஸெல் ஸோ" (அப்படியா தோழா, அப்படியா) என்று கீழே பார்த்துக் கூவுவார். 1440இல் பக்கத்துப் பிரபு ஒருவர் வாயிற்காவலர்களுக்குப் பணம் கொடுத்து இரவில் கதவைத் தாழிடாமல் வைக்கச் செய்தாராம். ஒரு பன்றி வந்து உடம்பைத் தேய்த்ததில் கதவு திறந்துகொள்ள, அவ்வழியே வந்த பெண் பார்த்துச் சத்தம் போட்டு ஊரைக் காப்பாற்றினாளாம். அந்தச் சத்தம்தான் இது என்கிறார்கள்.

பகலில் போய்த் திரும்புகிறவர்களுக்கு அது கேட்காது. கேட்க வேண்டுமென்றால் மதிலுக்குள்ளேயே சிறு விடுதிகள் உண்டு, ஒரு இரவு தங்கிவிடுங்கள். முடியாதவர்கள், மாலையில் டோனாவெர்த்துக்குத் திரும்பும் ரயில் எத்தனை மணிக்கு என்று காலையிலேயே குறித்துக்கொள்ளுங்கள். நன்றி, வணக்கம்.