மயில் ஏன் பத்தரமுல்லைக்கு வந்தது?

(ஓய்வுபெற்ற விலங்கியல் ஆசிரியர் ஒருவர் வெள்ளவத்தையில் ஒரு ஞாயிறு மாலை ஆற்றிய உரை. பேசியபடியே, சிறு திருத்தங்களுடன்.)

தலைவர் அவர்களே, சபையோரே, வணக்கம்.

எனக்கு 40 நிமிடம் தந்திருக்கிறார்கள். முன்வரிசையில் என் பழைய மாணவர்கள் நாலு பேர் இருக்கிறார்கள். 40 நிமிடம் என்றால் அவர்களுக்கு ஒரு பாடவேளை. மணி அடித்தால் ஆசிரியர் வாயைத் திறந்தபடி நிற்க, எழும்பிப் போய்விடுவார்கள். அனுபவம் உண்டு. ஆகவே நேரே விஷயத்துக்கு வருகிறேன்.

'மாறும் இயற்கைச் சூழலில் மனிதரும் விலங்குகளும்' என்று அழைப்பிதழில் போட்டிருக்கிறார்கள். மிகப் பெரிய தலைப்பு. நான் ஒரு மயிலில் தொடங்குகிறேன்.

என்னிடம் படித்த பிள்ளை ஒருத்தி கொழும்பை ஒட்டிய பத்தரமுல்லைப் பக்கம் வீடு கட்டிக் குடியிருக்கிறாள். போன வருடம் ஒரு நாள் காலையில் தொலைபேசி எடுத்தாள். "சேர், எங்கட மதிலிலை முருகன் வந்து நிக்கிறார்" என்றாள். படமும் அனுப்பினாள். நல்ல நீளத் தோகையோடு ஆண் மயில். மாமியார் விளக்கேற்றிக் கும்பிட்டாராம். மூன்று மாதம் கழித்து மறுபடி எடுத்தாள். "சேர், இந்தச் சனியனைத் துரத்த ஏதாவது வழி இருக்கோ? கீரைப்பாத்தி முழுக்கப் போச்சு. விடிய 5 மணிக்கே கத்தத் தொடங்குது." மூன்று மாதத்தில் முருகன் சனியனாகிவிட்டார்.

மயில் நம் நாட்டில் உலர் வலயப் பறவை. யால, வில்பத்து, மன்னார், வன்னி, இவைதான் அதன் ஊர். நான் உயர்தரம் படித்த காலத்தில் கொழும்புப் பக்கம் மயில் பார்ப்பதென்றால் தெஹிவளை மிருகக்காட்சிசாலைக்குத்தான் போகவேண்டும். இன்றைக்கு ஈர வலயத்தின் பல இடங்களில் அது சாதாரணப் பறவை. காட்டை வெட்டித் திறந்த வெளியாக்கினோம், மயிலுக்குத் திறந்த வெளி பிடிக்கும். முட்டையையும் குஞ்சையும் தின்னும் நரி குறைந்துவிட்டது. கோட்டேச் சதுப்பு நிலத்தில் இரவில் நரி ஊளையிட்டதைக் கேட்ட பெரியவர்கள் இந்த மண்டபத்திலேயே இருப்பீர்கள். ஈர வலயத்தின் சில பகுதிகளில் வறட்சி நாட்கள் கூடுவதையும் ஆய்வாளர்கள் ஒரு காரணமாகச் சொல்கிறார்கள். மயில் வந்தால் வறட்சி வரும் என்று சிங்களக் கிராமத்தவர் சிலர் சொல்வார்கள். வறட்சி வந்ததால் மயில் வந்திருக்கலாம் என்பது என் பக்கத்துக் கணக்கு.

சூழல் மாறும்போது ஒரு விலங்கு என்ன செய்யும்? இடத்தை மாற்றும். இடம் இல்லையென்றால் நேரத்தை மாற்றும். தலைமுறை தலைமுறையாகப் பொறுத்திருந்து உடம்பையே மாற்றும். எதுவும் சரிவராவிட்டால் இல்லாமல் போகும். மனிதனுக்கு மட்டும் கூடுதலாக ஒரு வழி உண்டு. தான் மாறமாட்டான், சூழலைப் பிடித்து மாற்றிவிடுவான். வெயில் என்றால் ஏசி, வெள்ளம் என்றால் மண் போட்டு மேடு, யானை என்றால் மின்வேலி. அவன் மாற்றி வைத்தது அயலிலுள்ள மற்ற உயிர்களுக்குப் புதிய சூழல். அவை அதற்குத் தக மாறுகின்றன. அதைப் பார்த்து அவன் மறுபடி எதையாவது மாற்றுகிறான். இன்று நான் சொல்ல வந்தது இவ்வளவுதான். மீதியெல்லாம் உதாரணம்.

பத்தரமுல்லைக்குப் பக்கத்திலேயே நிற்போம். நமது பாராளுமன்றம் எங்கே இருக்கிறது? தியவன்னாவச் சதுப்பைத் தோண்டி ஏரியாக்கி, நடுவிலே ஒரு தீவில் கட்டினார்கள். ஜெப்ரி பாவா வடிவமைத்தது, 1982இல் திறந்தார்கள். அழகான கட்டடம், அதில் எனக்கு மாற்றுக் கருத்து இல்லை. ஆனால் அதன் பின்னால் நகரம் முழுவதும் சதுப்பை நோக்கி நகர்ந்தது. கோட்டே, ராஜகிரிய, கொலன்னாவ என்று எங்கே பார்த்தாலும் லொறி லொறியாக மண் கொட்டினார்கள். தண்ணீருக்கு யாரும் அறிவித்தல் அனுப்பவில்லை. 2010 நவம்பரில் ஒரே இரவு கொட்டிய மழையில் பாராளுமன்ற வளாகத்துக்குள் வெள்ளம் வந்து நின்றது. உறுப்பினர்களை இராணுவ வாகனங்களில் ஏற்றித்தான் சபைக்குக் கொண்டுபோனார்கள். பழைய காணிக்காரர் தன் காணியைப் பார்த்துப் போக வந்ததுபோல எனக்கு அப்போது தோன்றியது.

அதன் பிறகுதான் அதிகாரிகள் உட்கார்ந்து கணக்குப் பார்த்தார்கள். மிச்சமிருக்கும் சதுப்பு, அதாவது கொழும்புப் பெருநகரில் சுமார் 20 சதுர கிலோமீற்றர், வெள்ளநீரைத் தாங்கிக்கொள்ளும் பாத்திரம் என்று விளங்கியது. பெத்தகான, தியசரு போன்ற இடங்களில் பூங்கா அமைத்துக் காப்பாற்றத் தொடங்கினார்கள். 2018இல் ஈரநிலங்களைக் காப்பதற்கான ராம்சர் சர்வதேச உடன்படிக்கையின்கீழ் உலகில் முதன்முதலாக 'ஈரநில நகரம்' என்று ஏற்கப்பட்ட 18 நகரங்களில் கொழும்பும் ஒன்று. விலங்குகள் மட்டும்தான் பட்டறிந்து மாறும் என்று நினைக்கவேண்டாம். நாமும் மாறுவோம், கதிரைக்குக் கீழே தண்ணீர் வந்தால்.

இந்தச் சதுப்பில் ஒரு இரகசியக் குடியானவர் இருக்கிறார். மீன்பிடிப் பூனை. வீட்டுப் பூனையைப்போல இரண்டு மடங்கு, சாம்பல் உடம்பில் கறுப்புப் புள்ளி. நீந்தும், முக்குளிக்கும். இலங்கையில் அழியும் ஆபத்திலுள்ள இனம். கழுத்தில் ஜிபிஎஸ் பட்டி போட்டு ஆய்வாளர்கள் இதைக் கொழும்பிலேயே பின்தொடர்ந்திருக்கிறார்கள். கால்வாய் ஓரமாகவும் வடிகான் வழியாகவும் மதிலேறியும் ஊருக்குள் வரும். பணக்கார வீட்டுத் தொட்டியில் ஒவ்வொன்றாகக் காணாமல் போகும் கோய் மீனுக்கு வேலைக்காரரைச் சந்தேகிப்பார்கள். கமராவைப் பார்த்தால் இவர்! பகலில் எங்கே என்று கேட்டால் யாருக்கும் தெரியாது. இது இயல்பிலேயே இரவில் நடமாடும் விலங்கு. நேரத்தை மாற்றிக்கொண்ட விலங்குகளும் உண்டு. 2018இல் வெளியான ஒரு பெரிய ஆய்வு, ஆறு கண்டங்களில் 62 வகைப் பாலூட்டிகளைப் பற்றிய தரவுகளைத் திரட்டிப் பார்த்தது. மனிதத் தொல்லை கூடிய இடங்களில் அவை இரவு நடமாட்டத்தைக் கூட்டியிருந்தன. பகலை நாம் எடுத்துக்கொண்டோம். அவை இராத்திரியில் குடியேறிவிட்டன.

யானையும் அப்படித்தான். நம் நாட்டில் யானை நடமாடும் நிலம் ஏறக்குறைய நாட்டின் 60 வீதம். அந்த நிலத்தின் ஏறக்குறைய 70 வீதத்தில் மனிதரும் குடியிருக்கிறார்கள். 'யானை காட்டை விட்டு ஊருக்குள் வந்தது' என்று செய்தி வாசிக்கும்போதெல்லாம் எனக்கு எரிச்சல் வரும். எது காடு, எது ஊர் என்று அதற்கு யார் வரைபடம் கொடுத்தார்கள்? மின்வேலி போட்டோம். காய்ந்த கட்டையைக் கம்பிமேல் தள்ளி விழுத்தவும், தூணைப் பார்த்து உதைக்கவும் அது படித்துக்கொண்டது. தன் உடம்பில் மின்சாரம் தாக்காத இடம் எது என்று என் மாணவர்களைவிட வேகமாக அது கண்டுபிடித்தது. (சிரிப்பு) சிரிக்கவேண்டாம். பயிர் போன விவசாயிக்கு இது பகிடி இல்லை. 2025 பெப்ரவரியில் ஹபரணைக்கு அருகே கல்ஓயாவில் ஒரே ரயிலில் ஆறு யானைகள் அடிபட்டுச் செத்தன. ரயிலின் நேரசூசிக்குத் தக மாற அவற்றால் முடியவில்லை.

யானை என்றவுடன் சுனாமி ஞாபகம் வரும். 'மிருகங்களுக்கு முன்கூட்டியே தெரிந்துவிட்டது, யானைகள் மேட்டுக்கு ஓடிவிட்டன' என்று 2004 முதல் கேட்டுக் கேட்டு நாம் நம்பிவிட்டோம். நானும் வகுப்பில் சொல்லியிருக்கிறேன், ஒப்புக்கொள்கிறேன். ஆனால் அந்த நாளில் தெற்குக் கரையில் செய்மதிப் பட்டி அணிந்த யானைகள் இருந்தன. அவை எங்கே நின்றன, எப்போது நகர்ந்தன என்ற பதிவை ஆய்வாளர்கள் பின்னர் எடுத்துப் பார்த்தார்கள். முன்கூட்டி உணர்ந்து ஓடியதற்கான சான்று அதில் இல்லை. விலங்குக்குத் தெய்வீக அறிவு இருக்கிறது என்று நினைப்பது நமக்கு வசதி. எப்படியும் அது தப்பிவிடும் என்று நாம் நிம்மதியாக இருக்கலாம் அல்லவா?

தப்ப முடியாததற்கு ஒரு உதாரணம் சொல்கிறேன். ஹோட்டன் சமவெளியில் மூக்கில் கொம்புள்ள ஓணான் ஒன்று உண்டு. குளிர்ந்த மலைக்காட்டில் மட்டும் வாழும். கீழே சூடு ஏறினால் மேலே ஏறலாம். அதற்கு மேலும் சூடு ஏறினால்? நாட்டின் மிக உயர்ந்த மலையான பிதுருதலாகலையே 2,524 மீற்றர்தான். அதற்கு மேல் வானம். கடலாமைக்கோ வேறு சிக்கல். மணலின் சூடுதான் குஞ்சு ஆணா பெண்ணா என்பதைத் தீர்மானிக்கிறது. ஏறக்குறைய 29 பாகைக்கு மேலே போகப் போகப் பெண்கள் கூடும். அவுஸ்திரேலியாவின் பெருந்தடுப்புப் பவளப்பாறையின் வடபகுதியில் இளம் பச்சை ஆமைகளில் 100க்கு 99க்கு மேல் பெண் என்று 2018இல் கண்டார்கள். நம் ரெக்கவ கரையில் முட்டையிடும் ஆமைக்கும் இதே விதிதான்.

இனி நான் அதிகம் யோசிக்கும் விலங்குக்கு வருகிறேன். உங்களில் சிலரை இப்போதே அது கடித்துக்கொண்டிருக்கும்.

டெங்கு நுளம்பு சுத்தமான நன்னீரில் முட்டையிடும் என்று நான் 30 வருடம் படிப்பித்தேன். பாடநூலும் அதையே சொன்னது, சுகாதாரப் பரிசோதகரும் அதையே சொன்னார். சிரட்டை, ரயர், பூச்சாடித் தட்டு எல்லாவற்றையும் கவிழ்த்தோம். யாழ்ப்பாணப் பல்கலைக்கழகத்தின் பேராசிரியர் சுரேந்திரனும் அவருடைய குழுவினரும் கரையோரத்துக்குப் போய்ப் பார்த்தார்கள். உவர்நீர் நின்ற கிணறுகளிலும் கடற்கரையில் எறிந்த பாத்திரங்களிலும் டெங்கு நுளம்பின் குடம்பிகள், அதாவது இளம்புழுக்கள், இருந்தன. 2011இல் வெளியிட்டார்கள். கடல்நீரின் உப்பில் பாதிக்குக் கொஞ்சம் குறைவான உப்பிலும் அவை வளர்ந்தன. பின்னர் செய்த ஆய்வில், உவர்நீரில் வளர்ந்தவற்றின் புறத்தோல் தடித்திருப்பதையும் கண்டார்கள். யாழ்ப்பாணத்து அழுக்கு வடிகான்களிலும் அது வளரத் தொடங்கிவிட்டது.

நான் வடமராட்சிக்காரன். எங்கள் வளவுக் கிணற்றில் அம்மா காலையில் முதல் வாளியை அள்ளி ஒரு மிடறு வாயில் விட்டுப் பார்ப்பா. "இன்னும் சவர் ஏறேல்லை" என்று சொல்லிவிட்டுத்தான் தேத்தண்ணிக்கு எடுப்பா. சுண்ணாம்புக் கல்லுக்குள் மழைநீர் ஒரு வில்லைபோல உப்புநீரின்மேல் மிதக்கிறது. துலா மிதித்துத் தோட்டத்துக்கு இறைத்த காலத்தில் இறைப்பவனின் கால் வலித்ததும் கிணறு தப்பியது. மோட்டருக்குக் கால் வலிக்காது. இறைக்க இறைக்க உப்பு மேலே வந்தது. கடல் மட்டமும் 1901 தொடங்கி உலக சராசரியில் ஏறக்குறைய 20 சென்ரிமீற்றர் உயர்ந்துவிட்டது. கிணறு உவர்த்தால் நாங்கள் பௌசர் தண்ணீர் வாங்கினோம், தண்ணீர்த் தாங்கி வைத்தோம். நுளம்பு உவரைப் பழகிக்கொண்டது. ஒரே மாற்றம், இரண்டு பதில்கள். செலவில்லாத பதில் எது என்று நீங்களே பாருங்கள்.

தாங்கிக்கும் ஒரு கதை உண்டு. 2016 செப்ரெம்பரில் உலக சுகாதார நிறுவனம் இலங்கையை மலேரியா அற்ற நாடு என்று அறிவித்தது. ஏறக்குறைய அதே காலத்தில் மன்னாரில் அனோபிலிஸ் ஸ்டீபென்சி என்ற புதிய நுளம்பு கண்டுபிடிக்கப்பட்டது. இந்தியாவில் அது பேர்போன நகரத்து மலேரியா நுளம்பு. காட்டு ஓடையைத் தேடாது. கிணறும் வீட்டுத் தண்ணீர்த் தாங்கியும் போதும். தண்ணீர்த் தட்டுப்பாட்டுக்கு நாம் கண்ட மருந்து அதற்குத் தொட்டில்.

நேரம் ஆகிவிட்டது, தலைவர் மணிக்கூட்டைப் பார்க்கிறார். என் வீட்டுக் கதை ஒன்றைச் சொல்லி நிறுத்துகிறேன்.

காலி வீதிக்கும் கடலுக்கும் இடையில், தொடர்மாடியில் ஒன்பதாம் மாடியில் இருக்கிறோம். எங்கள் ஏசியின் வெளிப்பெட்டிக்குப் பின்னால் காகம் ஒன்று கூடு கட்டியிருக்கிறது. குச்சி கொஞ்சம்தான். பக்கத்தில் எழும்பும் கட்டடத்திலிருந்து பொறுக்கிய கட்டுக்கம்பிதான் அதிகம். ஏசியைப் போட்டால் சூடு அந்தப் பக்கம் அடிக்கும். இரண்டு கிழமையாக நாங்கள் விசிறியோடு படுக்கிறோம். திருத்த வந்த பெடியன் "அங்கிள், தட்டி விடட்டா?" என்று கேட்டான். என் மனைவி அவனுக்குத் தேத்தண்ணி கொடுத்து, ஒரு மாதம் கழித்து வரச் சொல்லி அனுப்பிவிட்டார்.

கூட்டில் இப்போது நாலு முட்டை. அதில் ஒன்று மட்டும் கொஞ்சம் சிறிசு. முன் மரத்தில் விடியவிடியக் கூவுகிற குயிலின் வேலை அது. மனைவி அன்றைக்கே பிடித்துவிட்டார். காகம் இன்னும் பிடிக்கவில்லை.