லோடர் பக்கெட்டுல செயின் கொக்கி: எங்க வைக்கணும், எதை வைக்கக் கூடாது

வணக்கம். இன்னைக்கு ஒரே ஒரு கேள்விதான் எடுத்திருக்கேன். ஒரத்தநாடு பக்கத்துலேர்ந்து ஒரு தம்பி கேட்டிருக்காரு: "அண்ணே, என்கிட்ட 45 ஹெச்.பி. டிராக்டர், முன்னால லோடர் போட்டிருக்கு. தென்னங்கட்டை, போர் மோட்டார், கல்லுக்கால் எல்லாம் தூக்கணும்னா பக்கெட் பல்லுலதான் செயினை மாட்டுறேன். பட்டறையில கேட்டா பக்கெட் நடுவுல ஒரு கொக்கி வெல்டு வச்சுத் தர்றேங்குறாங்க. செலவு கம்மியா, சரியா செய்ய என்ன வழி?"

தம்பி, முதல்ல அந்தப் பல்லுல செயின் மாட்டுறதை இன்னையோட நிறுத்திடுங்க. மத்ததெல்லாம் அப்புறம் பேசலாம்.

ஏன் இவ்வளவு அழுத்திச் சொல்றேன்னா, நான் பட்டிருக்கேன். 2018 நவம்பர் 16, கஜா புயல் அடிச்ச அன்னைக்குக் காலையில எங்க பேராவூரணிப் பக்கம் தோப்புல நின்னு பாத்தா நிக்கிற மரத்தை எண்ணிடலாம், விழுந்த மரத்தை எண்ண முடியாது. அடுத்த சில மாசம் தென்னை மரத்தை அறுத்து ஓரம் ஒதுக்குறதுதான் எங்க எல்லாருக்கும் வேலை. அப்ப நானும் பல்லுலதான் செயினைச் சுத்தினேன். மண்ணு அள்ளி அள்ளி அந்தப் பல்லு கண்ணாடி மாதிரி வழுவழுன்னு தேஞ்சிருக்கும். ஒருநாள் ஒரு கட்டையைத் தூக்கி வரப்பு தாண்டுறேன், முன் சக்கரம் பள்ளத்துல இறங்குச்சு, பக்கெட் கொஞ்சம் முன்னால சாஞ்சுது, அவ்வளவுதான். செயின் பல்லோட நுனி வழியா சத்தமே இல்லாம நழுவுச்சு. கட்டை ஆடாம இருக்க ஒரு முனையைப் பிடிச்சுக்கிட்டு வந்த அண்ணனோட காலுக்கு ஒரு சாண் தள்ளி விழுந்துச்சு. இன்னைக்கும் அவரைப் பாத்தா எனக்கு அந்தச் சாண்தான் ஞாபகம் வருது.

சரி, கட்டை எவ்வளவு கனம் இருக்கும்? ஒரு அடி விட்டம், பத்தடி நீளம், அறுத்த ஈரத்தோட இருக்குற தென்னங்கட்டை ஏறக்குறைய 200 கிலோ வரும். 8 அடி கல்லுக்கால், ஆறங்குலத்துக்கு ஆறங்குலம், அது ஒரு 150 கிலோ. லோடருக்கு இதெல்லாம் பெரிய கனமே இல்லைன்னு தோணும். ஆனா கனம் எந்த இடத்துல தொங்குதுங்குறதுதான் கணக்கு.

இப்ப கொக்கிக்கு வருவோம். பட்டறையில நடுவுல வைக்கிறேன்னு சொன்னாங்கள்ல, அது வேண்டாம். பக்கெட்டோட முதுகுத் தகடு பெரும்பாலும் 5, 6 எம்.எம்.தான். மேல் விளிம்புல உள்ளீடா பெட்டிப் பைப்போ கனமான ஆங்கிளோ ஓடினாத்தான் நடுவுல இழுவை தாங்கும். இல்லன்னா நாலு மாசத்துல மேல் விளிம்பு வில்லு மாதிரி வளைஞ்சிடும். பின்னால போயி நின்னு பாருங்க, லோடர் கை ரெண்டும் பக்கெட்ல பின் போட்டுச் சேருற இடம் தெரியும். அதுக்கு நேர் மேல, மேல் விளிம்பை ஒட்டி, இடது ஒண்ணு வலது ஒண்ணு வையுங்க. இழுவை தகட்டுல சுத்தாம நேரா கைக்கு இறங்கிடும்.

தூக்கும்போது பக்கெட்டை முன்னால கவிழ்த்துடணும். கவிழ்த்தா மேல் விளிம்பு முன்னுக்கு வந்துடும், செயின் எதுலயும் உரசாம தொங்கும். இன்னொரு லாபம், கவிழ்க்குற சிலிண்டர் அதோட கடைசி எல்லையில போயி முட்டி நிக்கும். சீல் கொஞ்சம் கசிஞ்சாலும் பக்கெட் இதுக்கு மேல சாய இடம் இல்லை. இதனாலதான் கொக்கியோட வாயி டிரைவரைப் பாத்து இருக்கணும்னு சொல்றது. பக்கெட் கவிழும்போது அந்த வாயி வானத்தைப் பாக்கும், செயின் தானா கழண்டு வராது. வாயை முன்பக்கமா வச்சு வெல்டு பண்ணிட்டா, கவிழ்த்த உடனே அது தரையைப் பாக்கும். இப்படித் திருப்பி வச்ச பக்கெட்டை நான் ரெண்டு மூணு இடத்துல பாத்திருக்கேன், அதனால பட்டறையில சாக்பீஸ்ல வரைஞ்சு காமிச்சிட்டு வாங்க.

என்ன கொக்கி வாங்குறது? வெல்டு வைக்கவே செஞ்ச கிராப் ஹூக் கிடைக்குது. வாயி ஒடுக்கமா இருக்கும், செயின் கண்ணி ஒண்ணு உள்ள உக்காந்தா அடுத்த கண்ணி குறுக்க நின்னு பூட்டிக்கும். 8 எம்.எம். செயினுக்கான கொக்கி போதும். கிரேடு 80ங்குற பலமான தூக்குச் செயின்ல 8 எம்.எம். ஒத்தையா 2 டன் தாங்கும், உங்க லோடரு அவ்வளவு தூக்காது. ஆனா ஒண்ணைப் பாத்து வாங்கணும். செயின்ல மாட்டுற, பின் போட்ட கிளெவிஸ் கொக்கியை வாங்கி வந்து அதை வெல்டு வைக்கச் சொல்லாதீங்க. அது சூடு பண்ணி பதம் ஏத்துன இரும்பு, வெல்டு சூடு பட்டா பதம் போயிடும்.

கொக்கியே வேண்டாம், இன்னும் கம்மியா முடியணும்னா காது, அதாவது ஓட்டை போட்ட தகட்டுத் துண்டு, வச்சுடலாம். என் பக்கெட்ல இருக்குறது அதுதான். 16 எம்.எம். கனம், 70 எம்.எம். அகலம் உள்ள எம்.எஸ்., அதாவது சாதாரண மைல்டு ஸ்டீல், தகட்டுத் துண்டு ரெண்டு, ஒவ்வொண்ணுலயும் 22 எம்.எம். ஓட்டை. கேஸ்ல வெட்டாம டிரில்லுல போட்ட ஓட்டையா இருக்கணும். அதுல 5/8 இன்ச் ஷாக்கிள், குறுக்க பின் போட்ட வளையம், மாட்டுனா பின் சரியா உக்காரும். ஷாக்கிள் உடம்புல 3¼ டன்னு எழுத்து புடைச்சு இருக்கும். எழுத்தே இல்லாத ஷாக்கிளைக் கடைக்காரர் எவ்வளவு குறைச்சுக் கொடுத்தாலும் வேண்டாம். வெல்டு கூலி போக, ரெண்டு பக்கத்துக்கும் சேத்து பெரிய தொகை ஆகாது.

மிச்சம் பிடிக்கிறேன்னு மட்டும் பழைய இரும்புக்கடையில லாரி கமான் பட்டையை வாங்கிக் காது வெட்டாதீங்க. நம்ம ஊர்ல நிறையப் பேரு செய்யுறாங்க, கனமா இருக்கு, கைக்கு உறுதியா இருக்குன்னு. அது ஸ்பிரிங் இரும்பு, கார்பன் ஜாஸ்தி. வெல்டு ஓரத்துல கண்ணாடி மாதிரி ஆயி, ஒருநாள் சொல்லாம விட்டுடும். கட்டடத்துக்குப் போடுற முறுக்குக் கம்பியை வளைச்சுக் கொக்கி பண்றதும் அதே மாதிரிதான். அதோட பலமே மேல்தோல்ல ஏத்துன பதத்துலதான் இருக்கு, நீங்க சூடு காட்டி வளைச்சா அது போயிடும். லேசா இழுத்தா வாயைத் திறந்துக்கும்.

வெல்டு விஷயத்தைக் கொஞ்சம் நின்னு சொல்றேன். காதை நேரா அந்த மெல்லிசு தகட்டுல வைக்காதீங்க. 10 எம்.எம். தகடு, ஆறங்குலத்துக்கு நாலங்குலம், மூலை நாலையும் உருட்டி, முதல்ல அதை அடியில ஒட்டி சுத்தி வெல்டு ஓட்டிட்டு, அதுக்கு மேல காது. பெயிண்டு, துரு எல்லாம் கிரைண்டர்ல வெள்ளி மாதிரி தெரியுற வரைக்கும் எடுக்கணும். வெல்டிங் ராடு 7018 கேளுங்க. பட்டறையில சாதாரண 6013தான் கையில இருக்கும், கதவு ஜன்னலுக்கு அது நல்ல ராடு, இந்த இழுவைக்கு 7018. ஈரம் பட்ட ராடு வேண்டாம், எங்க மாதிரி கடலோரத்துல பாக்கெட்டைப் பிரிச்சு வச்சாலே ஈரம் ஏறிடும். 10 நம்பர் (3.15 எம்.எம்.) ராடுல ரெண்டு மூணு ஓட்டம் ஓட்டணும், ஒவ்வொரு ஓட்டத்துக்கும் நடுவுல கசடைத் தட்டி எடுக்கணும். முடிஞ்சதும் தண்ணி ஊத்தி ஆத்துறவங்க இருக்காங்க, அது கூடவே கூடாது. தானா ஆறட்டும்.

ராடு பத்த வைக்கிறதுக்கு முன்னால பேட்டரி நெகட்டிவ் வயரைக் கழட்டிடுங்க. எர்த் கிளாம்பை பக்கெட்லயே, வெல்டுக்குப் பக்கத்துல பிடிக்கச் சொல்லுங்க. டிராக்டர் பம்பர்ல பிடிச்சா கரண்டு பின்னு, புஷ், சிலிண்டர் எல்லாத்துக்குள்ளயும் ஓடிப் போயி அங்கங்க பொரிஞ்சு வச்சிடும். சிலிண்டரோட பளபளா தண்டு மேல ஈரச் சாக்கு போத்துங்க. ஒரு பொறி ஒட்டினா போதும், அது சீலைக் கீறிடும்.

வெல்டே வேண்டாம்னா போல்டுலயும் வைக்கலாம். 16 எம்.எம். போல்டு, தலையில 8.8ன்னு இருக்கணும், உள்பக்கம் ஒரு 10 எம்.எம். தகடு கொடுத்து முடுக்கணும்.

இப்ப டிராக்டர் பக்கம். உங்களுது டூ வீல் டிரைவ்வா தம்பி? சொல்லலை, ஆனா நம்ம பக்கம் முக்கால்வாசி அதுதான். ஒரு கணக்கு போட்டுப் பாருங்க. முன் ஆக்சிலுக்கும் பின் ஆக்சிலுக்கும் நடுவுல 2 மீட்டர்னு வச்சுக்குவோம். முன் ஆக்சிலுக்கு ஒன்றரை மீட்டர் முன்னால 500 கிலோ தொங்குது. அப்ப பின் சக்கரத்துலேர்ந்து 375 கிலோ கழண்டு போயிடும், முன் ஆக்சில் மேல 875 கிலோ ஏறும். தூக்குறது 500தான், ஆனா முன் ஆக்சிலுக்குத் தெரியுறது 875. இதுல பயப்பட வேண்டியது பின் சக்கரம் லேசாகுறது. ஏன்னா நம்ம டிராக்டருக்குப் பிரேக்கே பின் சக்கரத்துலதான். சக்கரம் தரையை அழுத்தலைன்னா பிரேக் மிதிச்சு என்ன பிரயோசனம்? சரிவுல இறங்கும்போது பின் டயரு ரெண்டும் வழுக்கிக்கிட்டே போகும். பிரேக் பெடல் ரெண்டையும் சேத்துப் பூட்டுற கொண்டி இருக்கும்ல, கனத்தோட நகரும்போது அதை எப்பவும் போட்டு வைங்க. ஒத்தைப் பிரேக் மிதிச்சா தொங்குற கனம் பக்கவாட்டுல வீசி எடுத்துடும்.

இதுக்குச் செலவில்லாத மருந்து உங்க வீட்டுலயே இருக்கு. பின்னால ரோட்டவேட்டரை மாட்டிக்குங்க. அது 450 கிலோ, பின் ஆக்சிலுக்கு ஒரு மீட்டர் பின்னால தொங்குதுன்னா, பின் சக்கரத்துக்கு 675 கிலோ அழுத்தம் கூடும், முன் ஆக்சில் மேல 225 கிலோ குறையும். பின் டயருல தண்ணி அடிச்சா பின்பக்கம் கனக்கும், ஆனா முன் ஆக்சில் மேல இருக்குற பாரத்தை அது இறக்காது. ரெண்டும் இருந்தா நல்லது.

மோட்டாருக்கு செயினை விட நாடா ஸ்லிங் வசதி. கலரே சொல்லும், ஊதா 1 டன், பச்சை 2 டன், மஞ்சள் 3 டன். ரெண்டு காதுலயும் மாட்டி கீழ ஒண்ணா சேக்கும்போது நீளமா விடுங்க. குட்டையா இழுத்துக் கட்டி, ஸ்லிங்கோட ரெண்டு காலுக்கும் நடுவுல 120 டிகிரி விரிஞ்சிடுச்சுன்னா, ஒவ்வொரு காலும் முழுக் கனத்தையும் தாங்கணும். கட்டை ஆடாம இருக்க ஒரு முனையில நீளமா கயிறு கட்டி, தள்ளி நின்னு பிடிக்கச் சொல்லுங்க. கை வைக்க வேண்டாம். முழங்கால் உயரத்துக்கு மேல தூக்கிட்டு நகராதீங்க, ஒரு ஹைட்ராலிக் ஓஸ் வெடிச்சா பக்கெட் மொத்தமா இறங்கும், அதுக்கடியில யாரும் இருக்கக் கூடாது. புதைஞ்ச கல்லுக்காலை ஆட்டி ஆட்டி இழுக்காதீங்க, சுத்தி மண்ணைத் தோண்டிட்டு நேரா மேல தூக்குங்க. வேரோட நிக்கிற தென்னை அடிக்கட்டையைப் பிடுங்குறதுக்கு இந்தக் காது கிடையாது.

வெல்டு ஆறினதும் முதல் நாள் நாலு சிமெண்டு மூட்டையை நல்லாச் சேத்துக் கட்டித் தூக்கிப் பாருங்க, 200 கிலோ. தரையிலேர்ந்து ரெண்டு அங்குலம் போதும், அப்படியே கொஞ்ச நேரம் விட்டுட்டு இறக்குங்க. அதுக்கப்புறம் மாசம் ஒரு தடவை நான் செய்யுறதைச் செய்யுங்க. வெல்டு மேல மண்ணெண்ணெய் தடவி ஒரு கால்மணி நேரம் ஊற விட்டு, துணியில சுத்தமாத் துடைச்சிட்டு, சாக்பீஸை அது மேல நல்லா வெள்ளையாத் தேச்சு விடுங்க. வெடிப்பு இருந்தா அதுக்குள்ள போன எண்ணெய் வெளிய ஊறி, வெள்ளையில மயிரிழை மாதிரி ஒரு ஈரக்கோடு தெரியும். கோடு தெரிஞ்சா அன்னைக்குத் தூக்குற வேலை கிடையாது. கிரைண்டர் எடுத்து அந்த வெல்டை அடி வரைக்கும் நோண்டிட்டு, புது ராடு போட்டுத் திரும்ப ஓட்டுங்க.