மணி அடித்தால்தான் தண்ணீரா? ‘பள்ளியே’ அணியின் உரை

நடுவர் அவர்களுக்கும், எதிரணி நண்பர்களுக்கும், பிள்ளைகளை மடியில் இருத்திக்கொண்டு அமர்ந்திருக்கும் ஊர்ப் பெரியோருக்கும் வணக்கம். தொடக்கப்பள்ளிப் பிள்ளைக்கு உடல்நலம், மரியாதை, உதவும் குணம் ஆகியவற்றைப் பெரிதும் கற்றுத் தருவது வீடா, பள்ளியா என்ற கேள்விக்குப் பள்ளியே என்று வாதிட வந்திருக்கிறேன்.

எனக்கு முன் பேசிய எதிரணித் தலைவர், “தாகம் எடுத்தால் ஆட்டுக்குட்டிகூடத் தானே போய்க் குடிக்கும். மணி அடித்துத் தண்ணீர் குடிக்கச் சொல்லும் பள்ளியா உடல்நலம் கற்றுத் தரப்போகிறது?” என்று கேட்டார். அரங்கமே கைதட்டியது. அந்தக் கைதட்டலுக்குப் பதில் சொல்லாமல் மேலே செல்ல என் மனம் இடம் தரவில்லை.

2019இல் கேரளப் பள்ளிகளில் ஒலித்து, 2025இல் தமிழ்நாட்டுப் பள்ளிகளுக்கும் வந்த அந்த ‘வாட்டர் பெல்’, தாகம் அறியாத பிள்ளைக்காக அடிக்கப்படுவதன்று. காலையில் நிரப்பிக் கொண்டுபோன பாட்டிலை மாலையில் அப்படியே திரும்பக் கொண்டுவரும் ஏழு வயதுச் சிறுமிக்குத் தாகமே இல்லையா? குடித்தால் கழிப்பறைக்குப் போக வேண்டும். அங்கே தாழ்ப்பாள் இல்லாத கதவையும் நாற்றத்தையும் எண்ணி, பாடத்தின் நடுவே எழுந்து கேட்கவும் கூசி, அவள் வாயைக் கட்டிக்கொள்கிறாள். சிறுநீர்த் தொற்றும் மலச்சிக்கலும் அப்படியும் வருகின்றன. வீட்டில் இருக்கும் தாய் நிறைந்த பாட்டிலைப் பார்த்துக் கடிந்துகொள்வாள். காரணம் அவளுக்கு எட்டாது. மணி அடித்து வகுப்பே குடிக்கும்போது ஒருத்தி மட்டும் கூசி நிற்க வேண்டியதில்லை. வகுப்பே குடித்துவிட்டால், கழிப்பறையைச் சுத்தமாக வைத்திருக்கும் பொறுப்பிலிருந்து பள்ளி நழுவவும் முடியாது.

அதே மணி இன்னொன்றையும் காட்டிக்கொடுத்தது. எனக்குத் தெரிந்த ஆசிரியை ஒருவர் சொன்னது இது. மூன்றாம் வகுப்பு. பள்ளிக் குழாயில் தண்ணீர் வராத நாள்கள். மணி அடித்ததும் எல்லாப் பிள்ளைகளும் அண்ணாந்து குடிக்கிறார்கள். ஒரு சிறுவனும் அண்ணாந்து குடிக்கிறான், அவன் தொண்டை ஏறி இறங்குகிறது, குடித்து முடித்துப் புறங்கையால் வாயைத் துடைத்துக்கொள்கிறான். ஆசிரியை அருகில் போய்ப் பார்த்தால் பாட்டிலில் ஒரு சொட்டுத் தண்ணீர் இல்லை! ‘என்னிடம் இல்லை’ என்று சொல்ல மனமில்லாமல், வெறும் பாட்டிலைக் கவிழ்த்து, இல்லாத தண்ணீரை விழுங்கியிருக்கிறான்.

ஆசிரியை அப்போது எதுவும் கேட்கவில்லை. மறுநாள், மணி அடிப்பதற்குச் சற்று முன்னால், அவனுக்குப் பக்கத்தில் இருந்த சிறுமி கண்ணைக் கரும்பலகையிலிருந்து எடுக்காமலே பெஞ்சுக்கு அடியில் தன் பாட்டிலைத் திறந்து, அவன் பாட்டிலில் பாதியை ஊற்றினாள். மறுபடியும் சொல்கிறேன், நடுவர் அவர்களே: மணிக்கு முன்னால் ஊற்றினாள். மணி அடித்த பிறகு ஊற்றியிருந்தால் வகுப்பே திரும்பிப் பார்த்திருக்கும், ஆசிரியை பாராட்டியிருப்பார், பிள்ளைகள் கைதட்டியிருப்பார்கள், அவன் தலை குனிந்திருப்பான். எட்டு வயதுப் பிள்ளைக்கு அது தெரிந்திருந்தது. அதற்கடுத்த நாள் அந்த வகுப்பின் மூலையில் ஒரு குடிநீர் கேன் வந்து நின்றது.

அந்தக் குணம் அவள் வீடு தந்தது என்று எதிரணி சொல்லும். அந்த இருவரின் வீடுகளும் ஒரே ஊரின் வெவ்வேறு தெருக்களில் இருக்கின்றன. ஒரு தெருவின் தண்ணீரை மற்றத் தெரு வாங்கிக் குடிப்பதில்லை. 2022 செப்டம்பரில் மதுரையில் தொடங்கிய காலை உணவுத் திட்டம் மாநிலம் முழுவதும் விரிவடைந்த 2023ஆம் ஆண்டிலேயே, சமைத்தவரின் சாதியைக் காரணம் காட்டிப் பெற்றோர் சிலர் தங்கள் பிள்ளைகளை உண்ண விடாமல் தடுத்ததும், கரூரில் மாவட்ட ஆட்சியரே நேரில் செல்ல நேர்ந்ததும் நாம் செய்தியில் படித்தவைதாம். அந்தப் பிள்ளைகளுக்கு யாரோடு உண்ணக் கூடாது என்று சொல்லிக் கொடுத்தது எந்தப் பள்ளியும் அன்று. நான் சொன்ன இரு பிள்ளைகளையும் ஒரே பெஞ்சில் தோளோடு தோள் உரச உட்கார வைத்தது பள்ளி.

வீட்டைக் குறை சொல்லும் எண்ணம் எனக்கில்லை. அந்தச் சிறுவனின் தாய் விடியுமுன் தெருக் கூட்டப் போகிறவள். ஊர் எழும்போது ஊர் சுத்தமாக இருப்பதற்காக, தன் பிள்ளை எழும்போது அருகில் இல்லாதவள். அவன் தலையை வாரிவிடவும் பாட்டிலை நிரப்பிக் கொடுக்கவும் அவளுக்கு ஆசை இல்லாமலா போகும்? அவள் கை எட்டாத நேரத்தில் அவள் பிள்ளைக்குத் தண்ணீர் கிடைக்க வேண்டும், கேட்டு வாங்கும் அவமானம் இல்லாமல் கிடைக்க வேண்டும். இன்று இந்த அரங்கத்தைக் கூட்டிச் சுத்தம் செய்துவிட்டுப் போன அக்காவின் பிள்ளைக்கும் அது கிடைக்க வேண்டும். அவர்கள் இருவரின் சார்பிலும் கேட்கிறேன், நடுவர் அவர்களே, ‘பள்ளியே’ என்று தீர்ப்புச் சொல்லுங்கள். வணக்கம்.