காது வலி நின்ற மறுநாள்

வானொலி நேயர்களுக்கு வணக்கம்.

காது, மூக்கு, தொண்டை மருத்துவத்திலேயே என் காலம் ஓடிவிட்டது. மூக்கையும் தொண்டையையும் இன்றைக்கு விட்டுவிடுகிறேன். காதிலும் ஒரே ஒரு இடத்தைப் பற்றித்தான் பேசப் போகிறேன். காதுத் துவாரத்தின் கடைசியில், விரல் எட்டாத ஆழத்தில் இருக்கிற செவிப்பறை. நம் ஊரில் எல்லோரும் காது ஜவ்வு என்பார்கள். அது கிழிந்தால் என்ன ஆகிறது, கிழிந்ததை எப்படிச் சரிசெய்கிறோம் என்பதுதான் இன்றைய பேச்சு. இதைக் கேட்டுக்கொண்டே யாராவது சாவியையோ ஹேர்பின்னையோ விட்டுக் காதைக் குடைந்துகொண்டிருந்தால், தயவுசெய்து அதைக் கீழே வைத்துவிட்டுக் கேளுங்கள்.

ஜவ்வு ரொம்பச் சின்னது. குறுக்களவு கிட்டத்தட்ட ஒரு சென்டிமீட்டர். கனம் ஒரு மில்லிமீட்டரில் பத்தில் ஒரு பங்கு. அந்த மெல்லிசிலும் மூன்று அடுக்கு உண்டு: வெளிப்பக்கம் தோல், உள்பக்கம் சளிச்சவ்வு, நடுவில் நார். ஜவ்வுக்குப் பின்னால் காற்று நிறைந்த ஒரு சின்ன அறை. அந்த அறைக்குள் மூன்று குட்டி எலும்புகள். அங்கிருந்து மூக்கின் பின்பக்கத்துக்கு ஒரு குழாய் போகிறது. கொடைக்கானல் மலை ஏறும்போது காது அடைத்து, எச்சில் விழுங்கினதும் பொட்டென்று விடுகிறதே, அந்தக் குழாய் திறக்கிற வேலைதான் அது. குழந்தைகளுக்கு இது குட்டையாகவும் படுக்கைவசமாகவும் இருக்கும். அதனால்தான் சளி பிடித்த குழந்தைக்கு இரண்டு நாளில் காதும் வலிக்கிறது.

இனிமேல் சொல்வது நான் எங்கே போனாலும் சொல்வது. என்னோடு வேலை பார்த்தவர்கள் கேட்டால் 'அம்மா ஆரம்பிச்சுட்டாங்க' என்பார்கள்.

குழந்தைக்குச் சளி. ராத்திரி பதினொரு மணிக்குக் காது வலி. வீடே தூங்கவில்லை. ஜவ்வுக்குப் பின்னால் சீழ் கோத்து, அந்தச் சின்ன அறை புடைத்து நிற்கிறது. வலி அந்த அழுத்தத்தால் வருகிறது. விடிகிற நேரத்தில் அழுத்தம் தாங்காமல் ஜவ்வு ஒரு இடத்தில் பிய்த்துக்கொள்கிறது. சீழ் வெளியே வந்து தலையணையில் மஞ்சளாகக் கறை. பிய்த்துக்கொண்ட அந்த நிமிடமே வலி நின்றுவிடும். குழந்தை அசந்து தூங்கிவிடும். வீட்டில் எல்லோருக்கும் நிம்மதி.

நன்றாகக் கவனியுங்கள். ஜவ்வு ஓட்டையானதும் வலி நின்றதும் ஒரே நேரத்தில் நடந்தவை. வலி நின்றதால் குணமாகிவிட்டது என்று நினைத்துவிடுகிறோம். அதற்கு முந்தின ராத்திரி வீட்டில் யாராவது என்ன செய்தார்களோ, பாராட்டு முழுக்க அதற்குப் போய்விடுகிறது.

சிவகங்கைப் பக்கத்திலிருந்து ஒரு அப்பத்தா, பேரனைக் கூட்டிக்கொண்டு வந்தார். பையனுக்குப் பதினொன்று, பன்னிரண்டு வயது இருக்கும். காது ஒழுகிக்கொண்டிருந்தது. 'எப்பலேருந்து?' என்று கேட்டேன். 'சின்னதுலேருந்தே அப்பப்ப வரும் டாக்டரம்மா. மொத தடவ வலியில துடிச்சான். பூண்டத் தட்டிப் போட்டு நல்லெண்ணெயக் காய்ச்சி ரெண்டு சொட்டு விட்டேன். விடியறதுக்குள்ள கெட்டதையெல்லாம் இழுத்துக்கிட்டு வந்துருச்சு. வலி போன எடம் தெரியல' என்றார். குரலில் அவ்வளவு பெருமை.

நான் சொன்னேன்: 'அப்பத்தா, எண்ணெய் இழுக்கல. ஜவ்வு கிழிஞ்சு சீழ் தானா வந்துச்சு. எண்ணெய் விடாட்டியும் வந்திருக்கும்.'

அவர் என்னை ஏற இறங்கப் பார்த்தார். 'அப்படியா? உங்க மாத்திரைக்கு மூணு நாளாகுது. என் எண்ணெக்கு ஒரு ராத்திரிதானே ஆச்சு?'

வரிசையில் நின்றவர்கள் சிரித்துவிட்டார்கள். கண்ணால் பார்த்ததை அவர் சொல்கிறார், அதில் பொய் ஒன்றும் இல்லை. காய்ச்சினார், விட்டார், வலி நின்றது. இதைப் பார்த்த யாருக்கும் அப்படித்தான் தோன்றும். எத்தனை தலைமுறையாக எத்தனை வீடுகளில் இப்படி எண்ணெய்க்குப் பேர் கிடைத்திருக்கும் என்று யோசித்துப் பாருங்கள். பிறகு அந்தப் பையனின் காதைச் சுத்தம் செய்து, கருவியை வைத்து அப்பத்தாவையே எட்டிப் பார்க்கச் சொன்னேன். ஓட்டை தெரிந்தது. ரொம்ப நேரம் பார்த்தார். 'அட, இம்புட்டு ஓட்டையா' என்றார். எண்ணெயைப் பற்றி அதற்கப்புறம் அவரும் பேசவில்லை, நானும் பேசவில்லை.

இப்படி விழுகிற ஓட்டை பெரும்பாலும் சில வாரங்களில் தானே மூடிக்கொள்ளும். அடி பட்டு விழுவதும் அப்படித்தான். உள்ளங்கை காதை மூடியபடி அறை விழுந்தால் உள்ளே அடைபட்ட காற்றே ஜவ்வைக் கிழித்துவிடும். கிணற்றில் பக்கவாட்டில் குதிக்கும்போதும், பக்கத்தில் வெடி வெடிக்கும்போதும் கிழியும். மூன்று மாதம் வரை பொறுத்துப் பார்க்கலாம். அந்தக் காலம் முழுக்கக் காதுக்குள் ஒன்றுமே போகக் கூடாது. தண்ணீர், எண்ணெய், பட்ஸ், கோழி இறகு, மெடிக்கல் ஷாப்பில் நீங்களாக வாங்கிய சொட்டு மருந்து, எதுவுமே கூடாது. சில சொட்டு மருந்துகள் ஓட்டை வழியாக உள்காது வரை போய்க் கேட்கும் நரம்பையே கெடுக்கக்கூடியவை.

கிணற்றுக் குளியல், அடிக்கடி சளி என்று காது ஈரமாகவே இருந்தால் ஓட்டை மூடாது. மாதக் கணக்கில் திறந்தே இருந்தால் ஓட்டையின் விளிம்பில் வெளிப்பக்கத் தோல் வளைந்து வந்து உள்பக்கச் சளிச்சவ்வோடு சேர்ந்துவிடும். உடம்பைப் பொறுத்தவரை அந்தப் புண் ஆறிவிட்டது. இனி அங்கே வளர வேண்டிய அவசியம் அதற்கு இல்லை. இதைக் கொஞ்சம் ஞாபகம் வைத்துக்கொள்ளுங்கள், அறுவை சிகிச்சை பற்றிச் சொல்லும்போது வேண்டியிருக்கும்.

ஓட்டை இருந்தால் காது முழுக்கச் செவிடாகிவிடாது. அதுதான் வில்லங்கம். செவிப்பறையின் பரப்பு, அது தள்ளுகிற கடைசி எலும்பின் அடிப்பாகத்தைவிட ஏறத்தாழ 17 மடங்கு பெரிது. எலும்புகளின் நெம்புதலையும் சேர்த்தால் ஒலியின் அழுத்தம் சுமார் 22 மடங்கு ஆகிறது. ஜவ்வில் ஓட்டை விழுந்தால் இந்தப் பெருக்கம் குறைகிறது. பக்கத்தில் பேசினால் கேட்கும். கடைசி பெஞ்சில் உட்கார்ந்தால் ஆசிரியர் சொல்வது பாதிதான் வரும். அந்தப் பையனுக்குப் பள்ளிக்கூடத்தில் 'கவனம் போதாது' என்று பேர். காது கேட்காது என்று வீட்டில் யாருக்கும் தோன்றவே இல்லை.

சரி, ஓட்டையை எப்படி அடைப்பது? இந்த யோசனை மனிதர்களுக்கு வெகு காலமாக இருக்கிறது. 1640இல் மார்க்குஸ் பான்ட்சர் என்பவர், பன்றியின் சிறுநீர்ப்பைத் தோலைக் கட்டிய சின்னக் குழாயைக் காதில் வைக்கலாம் என்று எழுதியிருக்கிறார். 1853இல் லண்டனில் ஜோசப் டாயின்பி, வெள்ளிக் கம்பியில் மெல்லிய ரப்பர் வட்டைக் கோத்து வைத்தார். பாவம், அவர் பின்னாளில் காது இரைச்சலுக்கு மருந்து தேடித் தன் மீதே ஆவி மருந்துகளைச் சோதித்துப் பார்க்கப் போய் 1866இல் இறந்துபோனார்.

எனக்குப் பிடித்தது இதற்கு நடுவில் நடந்த ஒன்று. ஜேம்ஸ் இயர்ஸ்லி என்று லண்டனில் ஒரு காது மருத்துவர். 1841இல் அமெரிக்காவிலிருந்து ஒரு நோயாளி அவரிடம் வந்தார். அவர் தனக்குத்தானே ஒரு வைத்தியம் வைத்திருந்தார். ஒரு துண்டுக் காகிதத்தைச் சுருட்டி, எச்சில் தொட்டு, காதுக்குள் அழுத்தி வைப்பார். வைத்ததும் காது கேட்கும்! மருத்துவர் அதைப் பார்த்து, காகிதத்துக்குப் பதிலாக ஈரப் பஞ்சு வைத்து மற்றவர்களுக்கும் செய்யத் தொடங்கினார். யாரும் எச்சில் தொட்டு வைத்துப் பார்க்க வேண்டாம், சொல்லிவிட்டேன். ஆனால் அந்தக் காகித வித்தையை நாங்கள் இன்றும் செய்கிறோம். அறுவைக்கு முன்னால் ஓட்டையின் மேல் சிகரெட் காகிதம் போன்ற ஒரு மெல்லிய துண்டை ஒட்டிவிட்டுக் கேட்கும் திறனை அளப்போம். கேட்பது கூடினால் உள்ளே எலும்புகள் நன்றாக இருக்கின்றன, ஜவ்வை அடைத்தால் போதும் என்று அர்த்தம். கூடவில்லை என்றால் எலும்புத் தொடர் அறுந்திருக்கலாம், அதையும் பார்க்க வேண்டும். நாட்டு வைத்தியத்தைப் பற்றி இவ்வளவு நேரம் குறை சொன்னேன் அல்லவா? இது ஒரு நோயாளி எங்களுக்குச் சொல்லிக்கொடுத்தது.

நிரந்தரமாக அடைப்பது வேறு விஷயம். 1878இலேயே ஜெர்மனியில் பெர்த்தோல்ட் என்பவர் நோயாளியின் தோலையே வைத்து மூடிப் பார்த்தார். ஆனால் இது பரவலாக நடக்கத் தொடங்கியது 1950களில்தான். கிருமிக்கு மருந்து வந்திருந்தது, குனிந்து பார்க்க நல்ல அறுவை நுண்ணோக்கி வந்தது. வுல்ஸ்டைன், ஸோல்னர் என்ற இரண்டு ஜெர்மானியர்கள் வழிகாட்டினார்கள். அவர்களும் முதலில் தோலைத்தான் வைத்தார்கள். தோல் உள்ளே போயும் தோலாகவே இருந்தது. உரிந்தது, புண்ணானது. 1950களின் கடைசியில்தான் நெற்றிப்பொட்டுத் தசையின் மேல் இருக்கும் மெல்லிய உறையை எடுத்து வைக்கிற பழக்கம் வந்தது. கடைவாயைக் கடித்தபடி காதுக்கு மேலே கை வைத்துப் பாருங்கள், ஒன்று திரண்டு நிற்கும். அந்தத் தசைதான். காதுக்குப் பின்னால் வெட்டுகிற அதே இடத்திலிருந்து எடுத்துக்கொள்ளலாம் என்பது பெரிய வசதி.

எடுத்ததும் ஈரமாக, சுருண்டுகொண்டு வரும். ஒரு தட்டில் விரித்து, ஒட்டியிருக்கும் தசையைச் சுரண்டி, விளக்கு வெளிச்சத்தில் காய வைப்போம். கொஞ்ச நேரத்தில் விறைத்து, தாள் மாதிரி ஆகிவிடும். அதற்குள் இந்தப் பக்கம் முக்கியமான வேலை ஒன்று நடக்கும். ஓட்டையின் விளிம்பு ஆறிப்போய்விட்டது என்று சொன்னேனே, அந்த விளிம்பை நுண்ணிய ஊசியால் சுற்றிலும் கொத்தி எடுத்துவிடுவோம். ஆறிய புண்ணை மறுபடி புண்ணாக்குகிறோம். அப்போதுதான் உடம்பு அங்கே வளரத் தொடங்கும்.

நோயாளிகள் இதை சைக்கிள் டியூபுக்குப் பஞ்சர் ஒட்டுகிற மாதிரி என்பார்கள். கிட்டத்தட்ட சரி, ஆனால் இரண்டு வித்தியாசம். பஞ்சருக்கு வெளியிலிருந்து ஒட்டுவார்கள். நாங்கள் பெரும்பாலும் ஜவ்வைத் தூக்கி, உள்பக்கமாகச் செருகி, கீழே கரைந்துபோகிற பஞ்சு போன்ற ஒரு பொருளை முட்டுக் கொடுத்து நிறுத்துகிறோம். பசையும் இல்லை, ஜவ்வில் தையலும் இல்லை. இன்னொன்று, அந்த உறை வெறும் தாங்குதல்தான். அதைப் பிடித்துக்கொண்டு பழைய ஜவ்வின் தோல் மேலே ஊர்ந்து வந்து மூட வேண்டும். ஓட்டையை அடைக்கிறது நோயாளியின் உடம்பு. அதற்கு வாரக் கணக்கில் ஆகும்.

பெரியவர்களுக்கு மரத்துப்போகிற ஊசி போட்டே செய்யலாம். நோயாளி பேசிக்கொண்டே இருப்பார். 'டாக்டரம்மா, சாப்பாடு எப்ப?' என்று நடுவில் கேட்பார்கள். இப்போது காதுக்குள்ளேயே எண்டோஸ்கோப்பை விட்டு, பின்னால் வெட்டாமலும் செய்கிறார்கள். காதின் முன்பக்கக் குருத்தெலும்பையும் பயன்படுத்துகிறார்கள். காது உலர்ந்திருந்து, ஓட்டையும் ரொம்பப் பெரிதாக இல்லாவிட்டால் பொதுவாகப் பத்துப் பேரில் எட்டு ஒன்பது பேருக்கு மூடிக்கொள்ளும்.

அப்புறம் வீட்டுக்குப் போனதும் நடக்கிறதுதான் எனக்குக் கவலை. தையலை ஒரு வாரத்தில் பிரித்துவிடுவோம், வலி போய்விடும். மறுபடியும் பாருங்கள், வலி போனதும் குணமாகிவிட்டது என்ற அதே நினைப்பு! தலைக்குக் குளித்துவிடுவார்கள். மூக்கை அழுத்திச் சீந்துவார்கள். அந்தக் காற்று குழாய் வழியாகப் போய் உள்ளே செருகியதைத் தள்ளிவிடும். தும்மல் வந்தால் வாயைத் திறந்து தும்முங்கள். டாக்டர் சொல்லும்வரை தண்ணீர்ப் பானை, மூட்டை தூக்காதீர்கள், விமானம் ஏறாதீர்கள். குளிக்கும்போது வாஸ்லின் தடவிய பஞ்சை வையுங்கள். சில பேருக்கு நாக்கின் ஒரு பக்கம் இரும்பு ருசி அடிக்கும். சுவை நரம்பு ஒன்று ஜவ்வுக்குப் பின்னாலேயே ஓடுகிறது, அது தொடப்பட்டதால் வருவது. பெரும்பாலும் சில மாதங்களில் சரியாகிவிடும். சாம்பாரில் குறை சொல்லிச் சண்டை போட வேண்டாம்.

கண்ணாடிக்கு அந்தப் பக்கம் கையைக் காட்டுகிறார்கள். முதலில் சொல்லியிருக்க வேண்டிய ஒன்று பாக்கி இருக்கிறது, அவசரமாகச் சொல்லிவிடுகிறேன். எல்லா ஓட்டையும் ஒரே மாதிரி இல்லை. காது கொஞ்சமாக ஒழுகுகிறது, ஆனால் துர்நாற்றம் குடலைப் பிடுங்குகிறது என்றால், ஜவ்வின் ஓரத்திலோ மேல்பக்கத்திலோ தோல் உள்ளே புகுந்து எலும்பை அரித்துக்கொண்டிருக்கலாம். அதற்கு ஒட்டுப் போட்டால் போதாது, காதுக்குப் பின்னால் இருக்கிற எலும்பைக் குடைந்து சுத்தம் செய்ய வேண்டும். அதைத் தள்ளிப்போட முடியாது. காது ஒழுகுகிறவருக்குத் தலைசுற்றல், முகம் ஒரு பக்கம் கோணுவது, காய்ச்சலோடு கடுமையான தலைவலி, இதில் எது வந்தாலும் அன்றைக்கே மருத்துவமனைக்குப் போங்கள். அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனைகளில் காது மூக்கு தொண்டைப் பிரிவு இருக்கிறது. குழந்தைகளுக்கு எந்த வயதில் ஜவ்வு அறுவை செய்யலாம் என்பதையும் சொல்ல நினைத்தேன். மருத்துவர்களுக்குள்ளேயே அதில் இன்னும் வாதம் இருக்கிறது. இன்றைக்கு நேரமில்லை.

நன்றி, வணக்கம்.