விடுமுறையில் தேனீயைப் படிக்க விரும்பும் பிள்ளைகளுக்கு

(மொரிஷியஸில் ஒரு கோவில் மண்டபத்தில், காவடித் திருவிழாவை ஒட்டி நடந்த மாணவர் கூட்டத்தில் ஆற்றிய உரை)

மதிப்பிற்குரிய கோவில் சங்கத் தலைவர் ஐயா அவர்களே, செயலாளர் அவர்களே, எத்தனையோ வேலைக்கு நடுவே நேரம் ஒதுக்கி வந்து முன்வரிசையில் அமர்ந்திருக்கும் கல்வித்துறை அதிகாரி அவர்களே, போர்ட் லூயிஸிலிருந்தும் ரோஸ் ஹில்லிலிருந்தும் வந்திருக்கும் தமிழாசிரியப் பெருமக்களே, தேவாரம் பாடிக் கூட்டத்தைத் தொடங்கிவைத்த சகோதரி அவர்களே, பின்கட்டில் ஏழு கறிக்கும் காய் நறுக்கிக்கொண்டே காதை இந்தப் பக்கம் வைத்திருக்கும் தாய்மார்களே, பல்கலைக்கழகத்தில் முதல் பட்டம் படிக்கும் பிள்ளைகளே, எல்லாருக்கும் என் வணக்கம்.

தலைவர் ஐயாவுக்கு முதலில் நன்றி சொல்ல வேண்டும். கோவில் மண்டபத்தில் பூச்சியைப் பற்றிப் பேச்சா என்று சிலர் கேட்டார்களாம். "பிள்ளைகளின் படிப்புக்கு என்றால் மண்டபம் திறந்தே இருக்கும்" என்று ஐயா சொல்லிவிட்டார். செயலாளர் அவர்கள் ஒலிபெருக்கியிலிருந்து நாற்காலி வரை தாமே நின்று பார்த்தார். இருவரும் நீடு வாழ வேண்டும்.

இரண்டு விஷயம் பேச வந்திருக்கிறேன். வெளிநாட்டில் என்ன வாய்ப்பு, இங்கே என்ன வாய்ப்பு.

தேன் எடுத்தவன் புறங்கையை நக்காமல் இருப்பானா என்று நம் பெரியவர்கள் சொல்வார்கள். ஊர்ப் பணத்தில் கைவைத்தவனைப் பற்றித்தான் வழக்கமாக இதைச் சொல்வது. நான் மாணவர்களுக்குச் சொல்கிறேன். புத்தகத்தில் தேனீயைப் படித்தவனுக்குத் தேர்வு முடிந்தால் மறந்துவிடும். ஒரு விடுமுறை முழுக்கக் கூட்டுக்குள் கைவிட்டுப் பார்த்தவனுக்கு ருசி தெரிந்துவிடும். அவன் அதை விடமாட்டான்.

சரி, வெளிநாட்டுக்கு வருகிறேன். அமெரிக்காவில் தேசிய அறிவியல் அறக்கட்டளை 1987 முதல் இளநிலை மாணவர்களுக்கென்றே கோடை ஆராய்ச்சித் திட்டம் நடத்துகிறது. பத்து வாரம் போல ஓர் ஆய்வகத்தில் சேர்ந்து வேலை செய்யலாம். உதவித்தொகை உண்டு, பல இடங்களில் தங்குமிடமும் தருகிறார்கள். தேனீ ஆராய்ச்சி செய்யும் ஆய்வகங்களும் அதில் இருக்கின்றன. ஆனால் அந்தப் பணம் அமெரிக்கக் குடிமக்களுக்கும் அங்கே நிரந்தரமாக வசிக்கும் உரிமை பெற்றவர்களுக்கும்தான். ராத்திரி பகலாக விண்ணப்பம் எழுதிவிட்டு, கடைசியில் இந்த ஒரு வரியைப் பார்த்து மனம் ஒடிந்த பிள்ளைகள் உண்டு. அந்த வரியை முதலில் படியுங்கள். அங்கே குடியுரிமை உள்ள உறவுக்காரப் பிள்ளைகள் இருந்தால் சொல்லிவையுங்கள்: கெடு பெரும்பாலும் ஜனவரி, பிப்ரவரியில், நாம் காவடிக்கு விரதம் இருக்கும் நேரத்தில் வந்துவிடும்.

நம் பிள்ளைகளுக்குக் கதவு வேறு இடத்தில் திறந்திருக்கிறது. பனாமாவில் உள்ள ஸ்மித்சோனியன் வெப்பமண்டல ஆராய்ச்சி நிலையம் பிற நாட்டு மாணவர்களையும் பயிற்சிக்கு எடுத்துக்கொள்கிறது. கொடுக்கு இல்லாத தேனீக்களைப் பற்றி அங்கே நெடுங்காலமாக ஆராய்ச்சி நடந்திருக்கிறது. பிரான்சில் அவிஞ்ஞோனில் தேனீக்கென்றே ஆய்வுக்குழு இருக்கிறது. நமக்குப் பிரெஞ்சு தெரியும், 'ஸ்தாஜ்', அதாவது பயிற்சி வேலை, கேட்டு எழுதலாம். பக்கத்திலேயே ரெயூனியன், விமானத்தில் ஏறி உட்கார்ந்தால் இறங்கும் நேரம் வந்துவிடும். அங்கே சான் பியேரில் சிராட் என்ற பிரெஞ்சு வேளாண் ஆராய்ச்சி நிறுவனத்தார் நம் மாஸ்கரீன் தீவுகளுக்கும் மடகாஸ்கருக்கும் உரிய கறுப்புத் தேனீயை, ஏபிஸ் மெலிஃபெரா யூனிகலர் என்ற துணையினத்தை, ஆராய்கிறார்கள்.

போனால் என்ன வேலை என்று கேட்பீர்கள். மஞ்சள், நீலம், வெள்ளை வண்ணம் பூசிய கிண்ணங்களில் சோப்புத் தண்ணீர் ஊற்றி வயலில் வைப்பார்கள். நிறத்தைப் பூ என்று நினைத்து வரும் தேனீ அதில் விழும். அதை எடுத்துக் கழுவி, முடி உலர்த்தும் டிரையரைக் காட்டி மயிர் ஒட்டாமல் உலர்த்தி, ஊசியில் குத்தி, நாளும் இடமும் எழுதிய சீட்டு வைப்பார்கள். தேனீயின் உடலில் ஒட்டி வாழும் வர்ரோவா என்ற உண்ணியைக் கணக்கெடுப்பது இன்னொரு வேலை. அரைக் கோப்பைத் தேனீ, ஏறக்குறைய 300 இருக்கும், ஜாடியில் போட்டு மாச்சர்க்கரை தூவி உருட்டினால் உண்ணி உதிர்ந்துவிடும், தேனீ பிழைத்துக்கொள்ளும். இந்த உண்ணி நம் தீவுக்கு 2014-இல் வந்தது, ரெயூனியனுக்கு 2017-இல். ஆகவே இது யாரோ வெளிநாட்டுக்காரருடைய பிரச்சினை அல்ல.

இங்கே ஒரு கதை சொல்ல வேண்டும். ஒரு கிராமத்துக் கோவிலில் காவடிக்குக் கொடியேற்றும் நாளுக்கு முந்தின நாள் நடந்தது. காலையில் குருக்கள் ஐயா கதவைத் திறக்க வந்தால், வாசல் மணிக்குப் பக்கத்து உத்தரத்தில் பலாப்பழம் தொங்குவது போலத் தேனீக் கூட்டம். கீழே கற்பூரத் தட்டோடு நின்றவர் அப்படியே பின்வாங்கிவிட்டார். ஊர் கூடிவிட்டது. ஒருவர் பூச்சிமருந்து டப்பாவோடு வந்தார், இன்னொருவர் பந்தம் கொளுத்தலாம் என்றார். ஒரு பாட்டி, "கொடியேற்றத்துக்கு முன்னால் கோவில் வாசலில் உயிரைக் கொல்வீர்களா?" என்று மணிக்கு அடியிலேயே போய் உட்கார்ந்துகொண்டார். அவரை எழுப்ப யாருக்கும் துணிவு இல்லை.

அப்போது ரெதுயீயில் உள்ள பல்கலைக்கழகத்தில் உயிரியல் படிக்கும் அந்த ஊர்ப் பெண் ஒருத்தி வந்தாள். "மாமா, ஒரு நாள் பொறுங்கள்" என்றாள். "இவை குடிபெயர்ந்து போகிற வழியில் இளைப்பாறுகின்றன. வயிறு நிறையத் தேன் குடித்துவிட்டுக் கிளம்பியவை. காப்பாற்ற அடையும் இல்லை, குஞ்சும் இல்லை. சீண்டாவிட்டால் கொட்டாது." பிறகு ஏணி போட்டு ஏறி, கூட்டத்தின் மேற்பரப்பைக் காட்டினாள். சில தேனீ மட்டும் இடுப்பை ஆட்டி ஆட்டி நேர்கோட்டில் ஓடுவதும் திரும்பி வருவதுமாக இருந்தன. வீடு பார்க்கப் போன தேனீ திரும்பி வந்து, எந்தத் திசையில், எவ்வளவு தொலைவில் இடம் இருக்கிறது என்று ஆடிச் சொல்கிறது. அந்த ஆட்டத்தின் பொருளைக் கண்டுபிடித்த கார்ல் ஃபான் ஃபிரிஷுக்கு 1973-இல் நோபல் பரிசு கொடுத்தார்கள். மருந்து டப்பாவோடு வந்த மாமாவே ஏணியைப் பிடித்துக்கொண்டு, "எந்தப் பக்கம் சொல்லுது, பாப்பா?" என்று கேட்டார். அன்றைய பூசை தெற்கு வாசலில் நடந்தது. மறுநாள் வெயில் ஏறியதும் கூட்டம் மொத்தமாகக் கிளம்பி லிச்சி மரங்களைத் தாண்டிப் போய்விட்டது. கொடியும் நேரத்துக்கு ஏறியது. அந்த மாமா இப்போது வீட்டில் இரண்டு தேன்பெட்டி வைத்திருக்கிறார். தேன் எடுத்தவன் புறங்கையை நக்காமல் இருப்பானா!

இங்கே உள்ள வாய்ப்பு என்று சொன்னேனே, அது கோவில் வாசலிலேயே இருக்கிறது. பெட்டித் தேனீ மட்டும் தேனீ அல்ல. உலகத்தில் 20,000-க்கு மேற்பட்ட தேனீ இனங்கள் உண்டு. அவற்றில் ஏறக்குறைய 70 சதவீதம் மண்ணில் வளை தோண்டிக் குடியிருப்பவை. குருக்கள் ஐயா வளர்க்கும் ரோஜாச் செடியைப் பாருங்கள், இலை ஓரத்தில் அரைவட்டமாக வெட்டு இருக்கும். அது நோய் அல்ல, இலைவெட்டித் தேனீ தன் கூட்டுக்கு உள்மெத்தை வெட்டிப்போன தடம். மருந்து அடிக்காதீர்கள். பெட்டித் தேனீ நம் தீவுக்கே உரிய பறவைகளோடு பூந்தேனுக்குப் போட்டி போடுகிறதா என்றும் இங்கே ஆய்வாளர்கள் கேட்டிருக்கிறார்கள். ஒரு பிள்ளை நோட்டும் வலையும் எடுத்துக்கொண்டு நம் கோவில்களின் வெளிப்புறத்தை ஒரு விடுமுறை சுற்றினால் போதும், பட்டப்படிப்புக்கு ஆய்வேடு தயார்.

ஆனால் சுற்றிப் பார்க்க மண் வேண்டுமே! கோவில் கோவிலாக வெளியில் சிமெண்ட் போட்டு வருகிறோம். கார் நிறுத்த வசதி, மழையில் சேறு இல்லை, கழுவ எளிது என்கிறார்கள். நான் பல மேடைகளில் சொல்லி வருகிறேன், இன்றும் சொல்கிறேன்: சிமெண்ட் போட்ட இடத்தில் மண்ணுக்குள் இருக்கிற குடும்பம் மூச்சுமுட்டிச் சாகிறது. காவடி எடுப்பவர் வெறுங்காலோடு வருவது சுடுகிற சிமெண்டில் நடக்கவா? வேப்பமரத்தைச் சுற்றிக்கூட வட்டம் விடாமல் பூசுகிறார்கள். தீவு முழுக்க நம் கோவில்களுக்கு இருக்கிற வெளியைச் சேர்த்துப் பாருங்கள், எத்தனை மாணவர்களுக்கு ஆராய்ச்சிக்கூடம் அது! வெளிநாட்டுக்கு அனுப்பப் பணம் திரட்டுவோம், நல்லது. அந்தப் பிள்ளை வேலை கற்றுக்கொண்டு திரும்பி வரும்போது ஆராய இங்கே ஏதாவது மிச்சம் வைக்க வேண்டாமா? கையில் தேன் ஒட்ட வேண்டுமென்றால் முதலில் கூடு இருக்க வேண்டும்.

தலைவர் ஐயா, தங்கள் பெருந்தன்மையை நம்பிக் கேட்கிறேன். இந்தக் கோவிலின் வடக்கு வெளியில் அடுத்த வாரம் சிமெண்ட் வேலை தொடங்குவதாக இருக்கிறது. அதை இந்த விடுமுறை முடியும் வரை நிறுத்தி வைக்க வேண்டும். கல்லூரிப் பிள்ளைகள் இருவருக்கு அந்த இடத்தைக் கணக்கெடுக்க அனுமதியும், பேருந்துச் செலவுக்குச் சங்கத்திலிருந்து ஒரு தொகையும் தர வேண்டும். இதைத் தீர்மானமாக முன்மொழிகிறேன். வழிமொழிபவர்கள் கை தூக்குங்கள்.