உப்பு குறையாத தொட்டி

தருமபுரி வானொலி நேயர்களுக்கு வணக்கம்.

வீட்டுத் தண்ணீரின் குணத்தைத் துவரம்பருப்பே சொல்லிவிடும். ஆழ்துளைக் கிணற்று நீரில் எத்தனை விசில் விட்டாலும் பருப்பு விதை விதையாக நிற்கிறது. அதே பருப்பு ஒகேனக்கல் தண்ணீரில் குழைந்து மலர்கிறது. நம் ஊர்ப் பாறை இடுக்குகளில் நெடுநாள் தங்கும் நீர் கால்சியத்தையும் மக்னீசியத்தையும் கரைத்துக்கொண்டு மேலே வருவதுதான் காரணம். இதற்கு மாற்றாகத் தருமபுரி, கிருஷ்ணகிரிப் பக்கத்து வீடுகளில் கடினநீரை மென்னீராக்கும் சாஃப்ட்னர் என்ற கருவியை வைக்கிறார்கள். வைத்த பிறகு யாரும் அதன் பக்கம் போவதில்லை.

நான் பள்ளியில் வேதியியல் ஆசிரியராக இருந்து ஓய்வு பெற்றவன். அதனால் உறவினர் வீட்டுத் தண்ணீர்த் தகராறுகள் எல்லாம் என்னிடம்தான் வந்து சேரும். சென்ற மாதம் காவேரிப்பட்டணத்தில் இருக்கும் தங்கை அழைத்தாள். "அண்ணா, மிஷின் வீணாகிவிட்டது. ஷவரில் பாதி ஓட்டை அடைத்துக்கொண்டது, எவர்சில்வர் பாத்திரமெல்லாம் வெள்ளை பூத்துக்கிடக்கிறது" என்றாள். அதற்கு முன்பே ஒரு மெக்கானிக் வந்து டிடிஎஸ் மீட்டரை வைத்துப் பார்த்திருக்கிறார். கருவிக்குள் போகும் தண்ணீரும் வெளியே வரும் தண்ணீரும் ஏறக்குறைய ஒரே எண்ணைக் காட்டினவாம். "ரெசின் செத்துவிட்டது, மாற்ற வேண்டும்" என்று ஒரு பெரிய தொகையைச் சொல்லிவிட்டுப் போயிருக்கிறார்.

எனக்குக் கோபம் வந்தது அந்த மீட்டரைக் கேட்டுத்தான். டிடிஎஸ் மீட்டர், கரைந்திருக்கும் உப்புகள் எல்லாவற்றையும் சேர்த்து மொத்தமாக ஒரு கணக்குச் சொல்லும். சாஃப்ட்னரோ உப்பைக் குறைப்பதற்கான கருவி அல்ல, உப்பை மாற்றும் கருவி. உள்ளே இருக்கும் ரெசின் மணிகள் ஒரு கால்சியத்தைப் பிடித்துக்கொண்டு இரண்டு சோடியத்தை விடுகின்றன. பத்து ரூபாய்த் தாளைக் கொடுத்து இரண்டு ஐந்து ரூபாய்க் காசு வாங்கினால் பையில் உள்ள பணம் குறையுமா? அப்படித்தான் மீட்டரில் எண்ணும் குறையாது. நன்றாக ஓடும் கருவியில் வைத்துப் பார்த்தாலும் இதே கதைதான். அந்த மீட்டரை வைத்து சாஃப்ட்னருக்குச் சாவுச் சான்று எழுத முடியாது.

பிறகு எதை வைத்துப் பார்ப்பது? மூன்று பாட்டில்கள் போதும். ஒன்றில் பிடித்து வைத்த மழைநீர், ஒன்றில் கருவிக்கு முன்னால் பிடித்த போர்வெல் தண்ணீர், ஒன்றில் கருவிக்குப் பின்னால் பிடித்த தண்ணீர். மூன்றிலும் பாதியளவு ஊற்றி, சீவிய குளியல் சோப்பை ஒரே அளவு போட்டுக் குலுக்க வேண்டும். மழைநீரில் நுரை கெட்டியாக நிற்கும், அடியில் தண்ணீர் ஓரளவு தெளிவாக இருக்கும். போர்வெல் தண்ணீர் மோர் போலக் கலங்கி மேலே திரை கட்டும். மூன்றாவது பாட்டில் இந்த இரண்டில் எதைப் போல இருக்கிறது என்பதுதான் விடை. பாத்திரம் கழுவும் திரவத்தைப் போட்டுவிடாதீர்கள். அது எந்தத் தண்ணீரிலும் நுரைக்கும், ஏமாந்துவிடுவீர்கள்.

எண் தெரிய வேண்டும் என்பவர்களுக்குக் கடினத்தன்மையை அளக்கும் சொட்டு மருந்துப் பெட்டி கடைகளில் கிடைக்கிறது. அதிலுள்ள நிறங்காட்டியைச் சேர்த்ததும் கடினநீர் திராட்சைச் சிவப்பாகும். பிறகு மருந்தைச் சொட்டுச் சொட்டாக விட்டுக்கொண்டே வந்தால் ஒரு கட்டத்தில் நீலமாக மாறும். எத்தனை சொட்டு என்பதை எண்ணிப் பெட்டியில் சொன்னபடி பெருக்கினால் கடினத்தன்மை தெரியும். குடிநீருக்கான இந்தியத் தர நிர்ணயம் லிட்டருக்கு 200 மில்லிகிராம் வரை ஏற்கத்தக்கது என்கிறது, வேறு வழியில்லாதபோது 600 வரை. சாஃப்ட்னர் ஒழுங்காக ஓடினால் அதன் தண்ணீர் முதல் ஓரிரு சொட்டுகளிலேயே நீலமாகிவிடும். ஒரு முறை பார்த்து முடிவு செய்ய வேண்டாம். ரெசின் பிடித்த கால்சியத்தைத் தொட்டியிலுள்ள உப்பின் நீரால் கழுவி வெளியேற்றுவதுதான் உப்பேற்றம். உப்பேற்றிய மறுநாளும், அடுத்த உப்பேற்றத்துக்குச் சற்று முன்பும் பாருங்கள். முதலில் நன்றாகவும் கடைசியில் மோசமாகவும் இருந்தால் ரெசின் சாகவில்லை. உப்பேற்றும் இடைவெளிதான் அதிகம்.

அந்த இடைவெளிக்கும் ஒரு கணக்கு உண்டு. ஒரு லிட்டர் ரெசின் ஏறக்குறைய 50 கிராம் கடினத்தன்மையைப் பிடிக்கும். 25 லிட்டர் ரெசின் உள்ள கருவி 1,250 கிராம் பிடிக்கும். உங்கள் தண்ணீரில் லிட்டருக்கு 500 மில்லிகிராம் இருந்தால் 2,500 லிட்டரில் அதன் கை நிறைந்துவிடும். கோடையில் கிணற்று மட்டம் இறங்கிக் கடினத்தன்மை ஏறினால் அத்தனை லிட்டர்கூட வராது. கருவியைப் பொருத்திய அன்று வைத்த எண்ணிலேயே பல வீடுகளில் அது ஓடிக்கொண்டிருக்கிறது. கடிகாரம் வைத்த கருவிகளில் மின்வெட்டு வேறு விளையாடும். நடு இரவில் கழுவ வேண்டியது காலை ஒன்பது மணிக்குக் கழுவும். குளிக்கிறவர் தலையில் கடினநீர் விழும்.

தங்கை வீட்டுக்கு வருகிறேன். மூன்றாவது பாட்டில் அப்படியே போர்வெல் தண்ணீரைப் போலத் திரிந்தது. கருவிக்குள் போகாமல் தண்ணீரை நேரே வீட்டுக்கு விடும் பைபாஸ் வால்வு மூடித்தான் இருந்தது, கடிகாரமும் சரி. உப்புத் தொட்டியின் மூடியைத் திறந்தேன். விளிம்பு வரை உப்பு. "எப்போது போட்டாய்?" என்று கேட்டேன். "பொங்கலுக்கு முன்னால், அண்ணா. அதற்குப் பிறகு குறையவே இல்லை. நல்ல சிக்கனமான மிஷின் என்று நினைத்துக்கொண்டிருந்தேன்" என்றாள்.

உப்பு குறையவில்லை என்றால் கருவி உப்பைத் தின்னவில்லை என்று பொருள். துடைப்பக் கட்டையை எடுத்து மேலே தட்டினேன், டொக் டொக்கென்று வெற்றுச் சத்தம். பையப் பைய அழுத்தியதும் மேல்பரப்பு அப்பளம்போல உடைந்து கீழே சரிந்தது. ஓர் அங்குலத்துக்கு மேல் கனமான உப்புப் பாலம். அடியில் வெறும் குழி, அதற்கும் கீழே தண்ணீர். ஈரத்தில் உப்பு இறுகி அந்தரத்தில் நின்றுவிட்டது. தண்ணீர் அதைத் தொடாததால் உப்பு நீரே உருவாகவில்லை. கருவி மட்டும் நாள் தவறாமல் வெறும் தண்ணீரில் ரெசினை அலசிக்கொண்டிருந்திருக்கிறது. உடைத்துவிட்டுக் கையாலேயே உப்பேற்றத்தைத் தொடங்கினேன். ஒன்றரை மணி நேரம் ஆயிற்று. மறுபடி பாட்டிலைக் குலுக்கியபோது நுரை மழைநீருக்கு நிகராக நின்றது. கீசருக்குள் தங்கிய பழைய தண்ணீர் தீர இரண்டு நாள் ஆனது, அவ்வளவுதான்.

பொடி உப்பைக் கொட்டினால் இந்தப் பாலம் இன்னும் சீக்கிரம் கட்டும். சுத்தமான கல்லுப்போ வில்லை உப்போ பாதித் தொட்டி போட்டால் போதும். மெக்கானிக் சொன்னதுபோல ரெசின் கெடுவதும் உண்டு, மறுக்கவில்லை. இரும்பு கலந்த தண்ணீர் அதைத் துருப் பூசி மூடிவிடும். குழாய் வலையில் கசகசா போன்ற பழுப்பு மணிகள் வந்தால் உள்ளே வடிகட்டி உடைந்து ரெசினே வெளியேறுகிறது என்று அறியலாம். ஆனால் அந்தச் செலவு, துடைப்பக் கட்டை தோற்ற பிறகு.

தோட்டத்தில் இன்னொன்று கண்ணில் பட்டது. கருவியின் கழிவு நீர்க் குழாய் நேரே கறிவேப்பிலை மரத்தடியில் விடப்பட்டிருந்தது. உப்பு நீர் வெளியேறிய காலத்தில் கருகிய கிளைகள் அப்படியே நின்றன. குழாயைச் சாக்கடைக்கு மாற்றச் சொன்னேன். மாங்கன்றுக்கும் சாஃப்ட்னர் தண்ணீர் ஆகாது. போர்வெல் தண்ணீரே மேல்.

புறப்படும்போது தங்கை கேட்டாள்: "இவ்வளவு நன்றாக வருகிறதே, இதையே குடிக்கலாமா அண்ணா?"

கூடாது என்றேன். நம் பக்கத்து நிலத்தடி நீரில் பல இடங்களில் ஃபுளோரைடு அதிகம். தர நிர்ணயம் லிட்டருக்கு 1 மில்லிகிராம், அதிகபட்சம் 1.5 என்கிறது. சாஃப்ட்னரின் ரெசின் நேர் மின்னூட்டம் உள்ளவற்றை மட்டுமே பிடிக்கும். ஃபுளோரைடு எதிர் மின்னூட்டம் கொண்டது, கருவி எவ்வளவு நன்றாக ஓடினாலும் நழுவி வெளியே வந்துவிடும். நான் பாடம் நடத்திய காலத்தில் முன்வரிசைப் பிள்ளைகள் சிரித்தால் பல்லில் பழுப்புக் கோடு தெரியும். 2013-இல் தொடங்கி வைக்கப்பட்ட ஒகேனக்கல் கூட்டுக் குடிநீர்த் திட்டத்தின் பெயரிலேயே ஃபுளோரோசிஸ் பாதிப்பைத் தணிப்பது என்ற நோக்கமும் சேர்ந்திருப்பது இதனால்தான்.

தங்கை ஒன்றும் பேசவில்லை. காவிரித் தண்ணீர்க் குடத்தைச் சமையல் மேடையில் முன்பிருந்த இடத்திலேயே திரும்ப வைத்தாள்.

நன்றி, வணக்கம்.